தொண்டைக்குள் விழுந்த வெயில்

கச்சேரி முடிந்து வெளியே வரும் ரசிகர்கள் ராகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். தோடியில் அந்தக் காந்தாரம் எப்படி அசைந்தது, நிரவலுக்கு எந்த வரியை எடுத்தார், தனி ஆவர்த்தனத்துக்கு எவ்வளவு நேரம் விட்டார் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் வார்த்தை உண்டு. குரல் என்று வந்துவிட்டால் மட்டும் பேச்சு சட்டென்று முடிந்துவிடும். நல்ல சாரீரம் என்பார்கள். இல்லாவிட்டால் இன்றைக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை என்பார்கள். சாரீரம் ஒரு கொடுப்பினை, வாய்த்தவருக்கு வாய்த்தது, அதில் ஆராய என்ன இருக்கிறது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். இந்த எண்ணத்தால் ஒரு பெரிய கலை நம் ரசனையின் கணக்கிலேயே வராமல் போகிறது. பிறர் குரலைக் காதால் கேட்டே அது தொண்டைக்குள் எப்படிப் பிறக்கிறது என்று அறிந்து, கோணலை நிமிர்த்தி, நாற்பது ஆண்டு கெடாமல் பாடவைக்கும் கலை அது. பாட்டு வாத்தியார், குரல் சிகிச்சையாளர், தொண்டை மருத்துவர், ஒலியியல் அறிஞர் என்று பல தொழில்களில் அது சிதறிக் கிடக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து அதை அணுகினாலும் அதன் நுட்பமெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்க்கிறேன்: குரலிலிருந்து வேண்டாத உழைப்பைக் கழற்றி எடுப்பது.

1841இல் ஜென்னி லிண்ட் ஸ்வீடனிலிருந்து பாரிசுக்கு வந்தபோது அவருக்கு வயது இருபது. அதற்குள் ஸ்டாக்ஹோம் மேடையின் நட்சத்திரம் ஆகியிருந்தார். ஓயாமல் பாடிப் பாடிக் குரல் தேய்ந்துபோயிருந்தது. அவர் தேடி வந்தது மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியரை. கார்சியா அவரைப் பாடச் சொல்லிக் கேட்டார். பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. ஆறு வாரம் பாடவே கூடாது, பேசுவதையும் கூடியமட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். குரலை மீட்க வந்தவருக்குக் கிடைத்த முதல் பாடம் மௌனம். இதைக் கருணை என்று மட்டும் எடுத்துக்கொள்வது போதாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வீங்கிய குரல்நாணில் எது காயம், எது கெட்ட பழக்கம் என்று எந்தக் காதாலும் பிரித்துக் கேட்க முடியாது. வீக்கம் வடிந்த பிறகு மிஞ்சும் கோளாறுதான் வாத்தியார் திருத்த வேண்டியது. ஆறு வாரம் கழித்துப் பாடம் தொடங்கியது. மறு ஆண்டே லிண்ட் ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பி ‘நோர்மா’ இசைநாடகத்தில் பாடினார்; 1847இல் லண்டனும் 1850இல் அமெரிக்காவும் அவரைக் கொண்டாடின. அந்தப் புகழில் ஒரு பங்கு, பாட வேண்டாம் என்று சொல்லத் துணிந்த ஆசிரியருக்கு உரியது.

கார்சியாவுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தத் தொழிலின் பிறப்பே தெரிகிறது. அவர் பெரிய பாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. ரோசினியின் ‘செவிலே நகர நாவிதன்’ 1816இல் ரோமில் அரங்கேறியபோது அல்மவீவா பிரபுவாகப் பாடியவர் அவர் தந்தை. மரியா மாலிப்ரானும் பொலின் வியார்தோவும் உடன்பிறந்த சகோதரிகள். இவரும் இருபது வயதில் நியூயார்க் மேடையில் பாடினார், குரல் தாங்கவில்லை, இளமையிலேயே மேடையை விட்டார். பிறகு ராணுவ மருத்துவமனையில் பணிபுரிந்து குரல்வளையின் உடற்கூற்றைப் படித்தார். 1840இல் மனிதக் குரல் பற்றிய ஆய்வுரை ஒன்றை பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வைத்தார். ஆனால் உயிருள்ள, பாடிக்கொண்டிருக்கிற குரல்வளையை அவர் மட்டுமல்ல, அதுவரை யாருமே சரியாகப் பார்த்ததில்லை. 1854 செப்டம்பரில் பாரிசின் பாலே ரொயால் பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு வழி தோன்றியது. அறுவைக் கருவிகள் செய்யும் கடையில் நீண்ட காம்புடைய சிறிய பல் மருத்துவக் கண்ணாடி ஒன்றை வாங்கினார். அதை வெந்நீரில் சுடவைத்துத் துடைத்து (இல்லாவிட்டால் மூச்சுக்காற்று பட்டு மங்கிவிடும்) உள்நாக்கின் மேல் சாய்த்து வைத்தார். இன்னொரு கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அதன்மேல் விழச்செய்தார். தன் குரல்வளை தன் கண்ணுக்கு முன்னால் விரியத் திறந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த அவதானிப்புகள் வாசிக்கப்பட்டன. வியன்னாவில் மருத்துவர் ட்யுர்க்கும் பிறகு உடலியல் அறிஞர் செர்மாக்கும் அந்தக் கண்ணாடியை மருத்துவத்துக்குக் கொண்டுபோனார்கள். தொண்டை மருத்துவம் தனித் துறையாக நிமிர்ந்தது. மருத்துவருக்கு அந்தக் கருவியைக் கொடுத்தவர் ஒரு பாட்டு வாத்தியார் என்பதை இந்தத் துறைக்கு வருகிற எவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கண்ணாடியில் பார்த்த பிறகு கார்சியா கற்பிக்கும் முறை தலைகீழாக மாறிவிட்டதா? இல்லை. தனக்கு முன்பே தெரிந்ததைக் கண்ணால் உறுதிசெய்துகொண்டார், அவ்வளவுதான். மாணவர் தொண்டையில் தினம் கண்ணாடி விட்டுப் பார்த்துப் பாடம் நடத்தவில்லை. போதாததற்கு, அவருடைய அறிவியல் கெடுதலும் செய்தது என்பார்கள். ஒரு ஸ்வரத்தைத் தொடங்கும்போது குரல்நாண்கள் சுத்தமாக, குறித்த கணத்தில் ஒன்றுசேர வேண்டும் என்று அவர் எழுதியதை, தொண்டையை அடித்துத் தொடங்கச் சொல்கிறார் என்று சிலர் புரிந்துகொண்டு மாணவர் குரலைக் காயப்படுத்தினார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அவை காட்டுவது அறிவியலின் பயனின்மையை அல்ல. இந்தக் கலையில் அறிவு எங்கே உட்கார வேண்டும் என்பதை. தசையின் பெயரைச் சொன்னால் மாணவர் அந்தத் தசையை அசைக்கப் பார்ப்பார். கெடுதல் அங்கேதான் தொடங்கும். அறிவு ஆசிரியரின் காதில் இருக்க வேண்டும், மாணவரின் தொண்டையில் அல்ல. எழுத்தில் படித்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்ட அதே ஆசிரியரிடம் நேரில் கற்ற மதில்த் மார்க்கேசிதான் பின்னாளில் புகழ்பெற்ற பாடகி நெல்லி மெல்பாவை உருவாக்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் காதுக்குக் கிடைத்த பெரிய துணை ஸ்டாக்ஹோம் ராயல் தொழில்நுட்பக் கழகத்தின் யோஹான் சுண்ட்பெரி. அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எந்த ரசிகரும் கேட்கக்கூடியது: ஐம்பது அறுபது பேர் வாசிக்கும் வாத்தியக் குழுவுக்கு மேலே, மைக் இல்லாமல், ஒற்றை ஆளின் குரல் கடைசி வரிசைவரை எப்படிப் போகிறது? குழுவின் ஒலியில் வினாடிக்கு ஏறக்குறைய 500 அதிர்வு அருகில் வலு மிகுதி. அதற்கு மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். பயின்ற ஆண் பாடகரின் குரலிலோ 3,000 அதிர்வை ஒட்டி ஒரு முகடு எழுகிறது. வாத்தியங்கள் மெலிந்திருக்கும் இடம் அது, மனிதச் செவி கூர்மையாக இருக்கும் இடமும் அதுவே. ஒலியியலார் இதைப் பாடகர் ஃபார்மன்ட் என்கிறார்கள். குரல்வளைக்கு நேர் மேலே உள்ள சிறு குழாயின் வாயைவிட அதைச் சூழ்ந்த தொண்டையறை ஆறு மடங்குக்கு மேல் அகன்றிருந்தால் இந்த முகடு பிறக்கும் என்று சுண்ட்பெரி விளக்கினார். கூடுதல் மூச்சு வேண்டாம், கத்த வேண்டாம். அறையின் வடிவம் பார்த்துக்கொள்கிறது. உச்ச ஸ்தாயியில் பாடும் பெண்ணுக்கு வழி வேறு. அவர் ஸ்வரம் ஏற ஏறத் தாடையைத் திறந்து, வாயறையின் ஒத்ததிர்வைத் தான் பாடும் சுருதிக்கே உயர்த்திக்கொள்கிறார். அதனால் உச்சத்தில் எல்லா உயிரெழுத்தும் ஆகாரத்தின் பக்கம் சாயும். இசைநாடகத்தில் மேலே போனால் வார்த்தையே புரியவில்லை என்று குறைப்படுகிறவர், அங்கே நடக்கும் வியாபாரத்தை அறிந்தால் அந்தத் திறந்த வாயை மரியாதையோடு பார்ப்பார்.

மைக் வராத காலத்துத் தமிழ் நாடக மேடைக்கும் இதே சிக்கல் இருந்தது. கொட்டகையின் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அதற்குச் சுருதியை உயர்த்தினார்கள். ஒலியின் வலுவை, செவி நன்றாகப் பிடிக்கும் பக்கமாக நகர்த்தும் இன்னொரு வழி அது என்று எனக்குத் தோன்றுகிறது. மைக் வந்ததும் கட்டை, அதாவது பாடும் சுருதியின் அளவு, இறங்கியது. மந்தர ஸ்தாயியின் நுணுக்கங்கள் கேட்கும்படியாயின. கட்டையை இறக்கியதைக் குரல் வீழ்ச்சி என்று வருந்துவோர் இன்றும் இருக்கிறார்கள். தேவை மாறியபோது உழைப்பு குறைந்தது. கலை குறைந்துவிட்டதாக நான் எண்ணவில்லை.

உழைப்பைக் குறைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உடலே சாட்சி. ஐந்து கட்டையில் பாடும் பெண் மேல் ஷட்ஜத்தில் நின்றால் அவருடைய குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 392 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. பத்து வினாடிக் கார்வைக்கே நாலாயிரம் மோதல் ஆகிவிடும். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு மனத்தால் பெருக்கிப் பாருங்கள். மோதுகிற பொருளோ மிக மென்மையானது. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970களில் காட்டியபடி, குரல்நாண் என்பது தசைமேல் படிந்த பல அடுக்கு. மேலடுக்கு கூழ்போல் தளர்ந்தது, அது அலையாகப் புரள்வதால்தான் நாதம் பிறக்கிறது. அடித்துப் பாடினால், மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு காய்ப்பதுபோல், அந்த அடுக்கில் இருபுறமும் எதிரெதிரே முடிச்சு விழும். நாண்கள் முழுதும் மூடாது, காற்று ஒழுகும், ஒழுக்கை அடைக்கப் பாடகர் இன்னும் அழுத்துவார், முடிச்சு இன்னும் தடிக்கும். இந்தச் சுழலை உடைக்க, குரல் சிகிச்சையாளர்கள் இன்று கையாளும் ஒரு வழி ஒல்லியான உறிஞ்சுகுழல். அமெரிக்க அறிஞர் இங்கோ டிட்சே அதன் இயற்பியலை விளக்கிப் பரப்பினார். குழலை வாயில் வைத்து அதனூடே ஸ்வரம் பாடினால், முன்னே இருக்கும் தடையால் வாய்க்குள் காற்றழுத்தம் கூடி, நாண்களை லேசாக விலக்கிப் பிடிக்கும். மோதல் தணியும், நாதம் மட்டும் குறையாது. பத்துப் பைசா பெறாத ஒரு குழல் தொண்டைக்கு, அழுத்தாமலே பாட முடியும் என்று புரியவைத்துவிடுகிறது. இந்த எளிமையை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

பழைய வித்வான்கள் இதையெல்லாம் படித்தா பாடினார்கள் என்று கேட்பது இயல்பு. அவர்களிடம் அறிவு பழக்கமாக இருந்தது. விடியற்காலை அகார சாதகம், கீழ் ஸ்தாயியில் நிதானமான நீண்ட கார்வைகள் என்று அவர்கள் செய்ததில் பலவற்றுக்கு இன்று காரணம் சொல்ல முடியும். ஆனால் அந்தச் சாதகத்தைத் தாங்கியவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். தாங்காமல் தொண்டை கெட்டு வேறு வேலைக்குப் போனவர்களின் பட்டியல் எந்த நூலிலும் இல்லை. மகரக்கட்டு வரும் வயதில் எத்தனை பையன்கள் பாட்டை விட்டிருப்பார்கள்! குரல்வளை விரைந்து வளர்ந்து நாண்கள் நீளும் அந்தக் காலத்தில் சுருதியை இறக்கி, எட்டும் எல்லைக்குள் மெதுவாகப் பாடவைக்கத் தெரிந்த ஆசிரியர் அமைந்தால் அவர்களில் பலர் நிலைத்திருப்பார்கள்.

இன்னொரு மறுப்பை இதைவிட மதிக்கிறேன். குரலைப் பேணுகிறோம் என்று எல்லாக் குரலையும் வழவழப்பாக்கிவிட்டால் தெருக்கூத்தின் கரகரப்பும் ஃபிளமெங்கோவின் கிழிந்த குரலும் எங்கே போகும்? நியாயமான அச்சம். மேற்கத்திய இசைநாடகக் குரலையே ஆரோக்கியத்தின் அளவுகோலாக வைத்துக்கொண்ட ஆசிரியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நல்ல சிகிச்சையாளர் கேட்கும் கேள்வி வேறு: இந்தக் கரகரப்பை இவரே விரும்பி எடுக்கிறாரா, வேண்டாதபோது விட முடிகிறதா, நாளைக் காலை பேசும் குரல் தெளிவாக இருக்கிறதா? ஆம் என்றால் அது கலை. அதை இரவு முழுதும் தாங்கவைப்பதே அவர் வேலை. இல்லை என்றால் அது காயம். ரசிகருக்கு அது அழகாகக் கேட்டாலும் காயந்தான்.

கத்தி எடுக்கும் மருத்துவரிடமும் இதே அடக்கம் வேண்டியிருக்கிறது. நடிகையும் பாடகியுமான ஜூலி ஆண்ட்ரூஸ் 1997இல் நடந்த குரல்நாண் அறுவைக்குப் பின் பாடும் குரலை இழந்தார். 2011இல் குரல்நாணில் ரத்தக்கசிவு ஏற்பட்ட பாடகி அடெல், பாஸ்டனில் நுண் அறுவை செய்துகொண்டு, ஓய்வெடுத்து, அடுத்த பிப்ரவரியில் கிராமி மேடையில் பாடினார். இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் மருத்துவரும் சிகிச்சையாளரும் ஆசிரியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய நிலம் பரந்து கிடக்கிறது. அவர்களை ஒரே கூட்டத்தில் உட்காரவைக்கவே தொண்டை மருத்துவர் வில்பர் ஜேம்ஸ் கூல்ட் 1969இல் வாய்ஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். நம் நாட்டிலும் மைசூரின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1960கள் முதல் இயங்குகிறது. பேச்சு, செவித்திறன் துறையில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு பல இடங்களில் உண்டு. கச்சேரி செய்யும் அளவுக்குச் சங்கீதம் கற்று, மேடைக்கு ஆசைப்படாமல், இந்தப் படிப்புக்கு வரும் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். கமகத்தில் குரல் எங்கே திணறுகிறது என்று அவருக்குச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மார்கழி சீசனில் அடுத்தடுத்துப் பாடித் தொண்டை கட்டிக்கொண்டு வருகிறவருக்கும், வகுப்பறையில் நாள் முழுதும் குரல் உயர்த்தும் பள்ளி ஆசிரியருக்கும் அவரைப்போல் உதவக்கூடியவர் வேறு யார்?

அப்படி வருகிறவர் கருவிகளுக்கு முன்னால் பழக்க வேண்டியது செவியை. ஒரு ஸ்வரம் தொடங்கும் அந்தக் கணத்தை மட்டும் கேட்டுப் பழகலாம். முதலில் காற்று வந்து பிறகு நாதம் வருகிறதா? அப்படியானால் நாண்கள் தாமதமாகச் சேர்கின்றன. சிறு ‘டக்’ ஒலியோடு வெடித்து வருகிறதா? சேர்ந்து இறுகிய பிறகே காற்று அவற்றைப் பிளக்கிறது. காற்றும் நாதமும் ஒன்றாக, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் தொடங்குகிறதா? அந்தத் தொடக்கத்தைக் கேட்டவுடன் இனம் காணத் தெரிந்தவருக்கு, பாடகர் மீதிக் கச்சேரியை எப்படிக் கடப்பார் என்பது முதல் கீர்த்தனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.