பேரேடும் பல்லவியும்: செட்டிநாட்டு வாழ்விலும் வெகுஜனத் திரையிலும் தத்துவ விசாரம்

தத்துவம் என்பது மடாலயங்களிலும் சர்வகலாசாலைகளிலும் சுவடி புரட்டுகிறவர்களின் சொத்து என்ற எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றியிருந்தாலும், தமிழ்நாட்டுச் சாமானிய ஜனங்கள் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வானொலி கேட்டும் ஒலிநாடா வாங்கியும் பழகிய அவர்கள், காதல் பாட்டு, சோகப் பாட்டு, தாலாட்டு என்று சினிமாப் பாட்டுக்களை இனம் பிரித்தபோதே 'தத்துவப் பாடல்' என்று தனியாக ஓர் இனத்தை வகுத்துவைத்து, சாவு வீட்டிலும் கடன் தொல்லையிலும் பங்காளிச் சண்டையிலும் அதன் வரிகளை ஆப்த வாக்கியங்களைப் போல் எடுத்தாண்டு வருகிறார்கள். பண்டிதர்களில் பலர் இதை ஏளனமாகவே நோக்கினார்கள். பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று, நிலைக்காதவை எனக் கண்டு நம் முன்னோர் பரிகசித்த மூன்றோடு, கொட்டகை வைராக்கியம் என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியில் எவ்வளவு நியாயம் உண்டு என்று சோதித்துப் பார்ப்பதற்குக் காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டைப் போல் ஏற்ற களம் கிடைப்பது அரிது.

தமிழ்ச் சினிமாவைப் பற்றிய ஆராய்ச்சியில் இதுவரை நடந்திருப்பதை முதலில் பார்த்துவிடலாம். 1981 ஆம் ஆண்டு இதற்கு ஓர் எல்லைக்கல். 1880 முதல் 1945 வரை நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்துக்குத் தூது சென்ற வரலாற்றைச் சொல்லும் தியடோர் பாஸ்கரனின் 'தி மெசேஜ் பேரர்ஸ்' அவ்வாண்டில் வெளிவந்தது. தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்த கார்த்திகேசு சிவத்தம்பியின் நூலும் அவ்வாண்டினதே. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992 இல் எம்.ஜி.ஆரின் பிம்பத்தை ஆராய்ந்தார். 1993 இல் வெளியான தம் நூலில் ஸாரா டிக்கி மதுரை ஏழை மக்களின் சினிமா ரஸனையை விவரித்தார். கட்சிகளுக்குச் சினிமா என்ன செய்தது, ஏழைகளுக்கு அது என்ன தந்தது என்ற கேள்விகளுக்கு இவர்கள் தந்த விடைகள் அருமையானவை. ஆனால், எப்படி வாழ்வது, இழப்பை எப்படித் தாங்குவது என்ற ஆதிக் கேள்விகளைப் பற்றி ஒரு படம் என்ன நினைக்கிறது என்ற விசாரம் அந்நூல்களின் ஓரத்திலேதான் நின்றது.

அந்த விசாரத்தை மேல்நாட்டில் தொடங்கிவைத்தவர்களுள் முக்கியமானவர் ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவெல். அவருடைய 'பர்ஸ்யூட்ஸ் ஆஃப் ஹேப்பினஸ்' வெளிவந்ததும் அதே 1981 இல்தான். பிரிந்த கணவனும் மனைவியும் மறுபடி சேர்கிற ஏழு ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களை எடுத்துக்கொண்டு, விவாகம் என்பது என்ன, இரண்டு பேர் மெய்யாகவே உரையாடுவது எப்போது என்று, காண்ட்டையும் எமர்ஸனையும் வாசிப்பதற்குரிய அதே சிரத்தையோடு அவர் விசாரித்தார். 1994 இல் எழுதிய மற்றொரு நூலில் சொந்த ஜீவிதத்தையே தத்துவத்தின் மூலப் பொருளாக வைத்துக்கொண்டார். 1926 இல் பிறந்து, கோல்ட்ஸ்டைன் என்ற குடும்பப் பெயரை இளமையிலேயே மாற்றிக்கொண்டு, சங்கீதம் பயின்று அதை விட்டுத் தத்துவத்துக்கு வந்தவர் அவர். அவருக்கு ஓராண்டு பின்னால், 1927 இல், செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் பிறந்து, முத்தையா, நாராயணன், கண்ணதாசன் என்று மூன்று பெயர்களில் வாழ்ந்து, 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோ நகரில் காலமான ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவரை ஈன்ற மண்ணின் ஜீவனத்தைக் கொஞ்சம் நோக்க வேண்டும்.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தில் தத்துவம் முதலில் எழுதப்பட்ட இடம் கணக்குப் புத்தகம் என்றால் மிகையாகாது. பிள்ளையார் சுழியோடு தொடங்கும் அந்தப் பேரேட்டில், வரவுக்கும் செலவுக்கும் இடையே மகமை என்று தருமத்துக்கு உரிய பங்கு தனியே ஏறியது. ஈட்டியதில் ஒரு பகுதி தன்னுடையதன்று என்ற எண்ணம் உபதேசமாகக் கேட்கப்படாமல் அன்றாடப் பற்றுவரவாகவே பழக்கத்தில் வந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் லேவாதேவி நடந்த கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்த ஒருவன், மூன்றாண்டுக் கணக்குப் பேசிக் கப்பலேறுவதும், ஊரில் அவன் மனைவியான ஆச்சி மாமியாரோடும் பிள்ளைகளோடும் வளவு வீட்டைக் காத்து நிற்பதும், கணக்கு முடிந்ததும் ஐந்தொகை போட்டு முதலாளியிடம் ஒப்புவித்துவிட்டு அவன் திரும்புவதும், எதையும் தனதென்று நெடுங்காலம் வைத்திருக்க முடியாத ஒரு மனப்பழக்கத்தை உண்டாக்கின. சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவல்களில் இந்த உலகத்தையே சித்திரித்தார்.

பிறகு வந்தது பெரு நஷ்டம். 1930 இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாததால், 1938 வாக்கில் நூற்றுக்கு இருபத்தைந்தாகப் பெருகியது. பணமாக வர வேண்டியது மண்ணாக வந்து சேர்ந்தது. 1942 இல் ஜப்பானியர் புகுந்தபோது பல்லாயிரம் இந்தியர் கால்நடையாக ஓடிவந்தனர். சுதந்திர பர்மாவின் 1948 ஆம் ஆண்டு நில தேசியமயச் சட்டம் அந்த மண்ணுக்கும் முடிவு சொன்னது. தேக்கு மரத் தூண்கள் நிற்கும் முகப்பும் வளவும் மட்டும் எஞ்சிய வீடுகளில், நிலையாமை என்பது நாலடியாரில் படிக்கிற அதிகாரமாக இராமல் குடும்ப வரலாறாக ஆயிற்று. அதே நிலத்தை முதலில் இழந்த பர்மியக் குடியானவனின் துக்கத்துக்கு அந்தப் பேரேட்டில் பக்கம் ஒதுக்கப்படவில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இந்த மனப்பழக்கத்துக்கு இணையாக மற்றொரு பழக்கமும் இப்பிரதேசத்தில் வளர்ந்தது. 1939 இல் சா. கணேசன் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகம், பாத்திரங்களை முன்வைத்துத் தருமத்தை வாதிக்கும் பட்டிமண்டபத்தைப் பொதுஜனங்களின் கேளிக்கையாகவே ஆக்கியது. வாலியை மறைந்து கொன்றது நியாயமா, கும்பகர்ணன் செய்தது சரியா, வீடணன் செய்தது சரியா என்று குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்ல, வியாபாரிகளும் ஆச்சிமார்களும் இரவு நெடுநேரம் வரை அமர்ந்து கேட்டார்கள். கதையின் வழியே நியாயம் பார்க்கப் பழகிய அத்தகைய சபைக்குச் சினிமா வந்தபோது, அங்கும் நியாயம் பார்ப்பது இயல்பாகவே நிகழ்ந்தது.

சினிமாவும் அவ்வூருக்கு வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டுடியோவை அமைத்து, பாரதியார் பாடல்கள் ஒலித்த 'நாம் இருவர்' படத்தை 1947 இல் வெளியிட்டார். 1948 இல்தான் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. அதே ஸ்தாபனமும் நேஷனல் பிக்சர்ஸும் சேர்ந்து 1952 இல் தந்த 'பராசக்தி'யில், ரங்கூனில் வாழ்ந்த சகோதரர்கள் யுத்தத்தால் சிதறுகிறார்கள். ஒருவன் வழியிலே காலை இழந்து பிச்சைக்காரர்களோடு சேர்கிறான். இளையவன் சென்னையில் பொருளைப் பறிகொடுத்துத் தெருவில் நிற்கிறான். மூத்தவன் நீதிபதியாக அமர்ந்த மன்றத்தில் அந்த இளையவன் குற்றவாளியாக நின்று தன் வாழ்க்கையையே வாதமாக எடுத்துவைக்கிறான். அப்படத்தின் நாத்திகத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. சொந்த வாழ்வே ஒரு கொள்கைக்குச் சாட்சியாக வர முடியும் என்ற அதன் வாத முறை அதற்குச் சற்றும் குறையாத தத்துவச் செய்தி.

இப்பின்னணியில்தான் கண்ணதாசனைக் காண வேண்டும். சாத்தப்பச் செட்டியாருக்கும் விசாலாட்சி ஆச்சிக்கும் மகனாய்ப் பிறந்த முத்தையா, ஏழாயிரம் ரூபாய்க்குக் காரைக்குடியில் ஒரு வீட்டுக்குச் சுவீகாரம் போய் நாராயணன் ஆனார் என்று அவர் வரலாறுகள் கூறுகின்றன. தாயும் வீடும் பெயரும் ஒரே நாளில் மாறக்கூடியவை என்பதைச் சிறுவயதிலேயே கண்ட ஒருவர், பின்னாளில் உறவுகள் எது வரை கூட வரும் என்று 'பாதகாணிக்கை' (1962) படப் பாட்டில் கேட்டபோது, அது பட்டினத்தாரின் எதிரொலி என்று இலக்கியம் அறிந்தவர்கள் எளிதில் கண்டுகொண்டார்கள். பட்டினத்தார் கதையிலும் வணிகனுக்கு ஞானம் தருகிறவன் வளர்ப்பு மகன்தான்: கடல் கடந்து வாணிகம் செய்து திரும்பிய மருதவாணன் பொன்னுக்குப் பதிலாக எருமூட்டைகளையும், ஒரு பெட்டியில் காதில்லாத ஊசியையும் ஓலை நறுக்கையும் விட்டுச் சென்றான் என்பது மரபு. டி.எம். சௌந்தரராஜன் நடிக்க அக்கதை படமானதும் 1962 இல்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், திராவிட முன்னேற்றக் கழகத்தில் நாத்திகராகப் பேசியவர், 1961 இல் அதை விட்டு வெளியேறியவர், பத்துப் பாகங்களில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதியவர் என்று அவர் வாழ்வு பல திருப்பங்கள் உடையது. சுயசரிதையான 'வனவாச'த்தில் தம் சறுக்கல்களைத் தாமே அம்பலப்படுத்தினார். அவர் பாட்டில் ஓரிடத்தில் விதியே எல்லாம் என்றும், மற்றோரிடத்தில் முயற்சியே எல்லாம் என்றும் வருவதைச் சுட்டி, இவருக்குச் சித்தாந்தம் இல்லை என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டு சினிமாப் பாட்டின் பிறப்பை அறியாததால் வருவது. இசையமைப்பாளர் மெட்டைப் பாட, இயக்குநர் சிச்சுவேஷனைச் சொல்ல, பல்லவி அந்தப் பாத்திரத்தின் அந்த நேரத்து வாயிலிருந்து பிறக்கிறது. யார், எப்போது, எதை இழந்து சொல்கிறான் என்பதை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் பழமொழிதான்.

பி.ஆர். பந்துலு இயக்கிய 'கர்ணன்' (1964) இதற்குத் தக்க சான்று. போர்க்களத்தில் தயங்கும் அர்ச்சுனனுக்கு, என்.டி. ராமராவ் நடித்த கண்ணன் கீதையைப் பாட்டாகச் சொல்கிறான். மரணத்தைக் கண்டு கலங்காதே, கடமையைச் செய் என்பது அதன் சாரம். பிறகு அதே கண்ணன், அம்பு தைத்துத் தேர்க்காலில் சாய்ந்து கிடக்கும் கர்ணனுக்காக மற்றொரு பாட்டுப் பாடி, அவன் வஞ்சிக்கப்பட்டான் என்றும், வஞ்சித்தவர்களில் தானும் ஒருவன் என்றும் ஒப்புக்கொள்கிறான். இரண்டு பாட்டையும் எழுதிய கை ஒன்று. பாடிய சீர்காழி கோவிந்தராஜனின் குரலும் ஒன்று. கடமையைப் போதித்த வாயே அக்கடமைக்குப் பலியானவனுக்காக இரங்குகிறபோது, வியாக்கியானங்கள் விரித்துரைக்க வேண்டிய ஒரு சங்கடம் சில நிமிஷங்களில் பிரத்தியட்சமாகிறது. முதற் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவன் ஒரு கட்டளையைப் பெறுகிறான். இரண்டையும் கேட்டவனுக்கே அக்கட்டளையின் விலை தெரிகிறது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. விதியைப் பாடுவது உழைக்கிறவனை அடங்கியிருக்கச் செய்யும் என்பது ஒன்று. 29 வயதிலேயே 1959 இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், சோம்பலையும் சுரண்டலையும் கண்டித்து எழுதிய பாட்டுக்கள் இதற்கு அக்காலத்திலேயே நின்ற மறுதலை. அவற்றையும் ஜனங்கள் தத்துவப் பாடல் என்ற அதே இனத்தில் வைத்தார்கள் என்பது அவர்களுடைய நடுநிலைக்கு அடையாளம். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடுமையானது. துறவு பாடுகிற ஆணுக்குப் பின்னால் வீட்டைக் காக்கிற பெண் யார், அவளுடைய தத்துவம் எங்கே என்று ஆச்சிமார்களின் சார்பில் கேட்க வேண்டும். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இதற்கு ஓரளவு விடை தருகிறது. மரணத்தை எதிர்நோக்கும் கணவன், தான் இறந்தபின் மறுமணம் செய்துகொள்ளும்படி மனைவியிடம் சொல்வது அவன் அளவில் உத்தமமான தியாகம்; மனைவியோ, இப்படிச் சொன்னது நீங்கள்தானா என்ற பொருளில் ஒரு பாட்டு முழுவதும் அவனைக் கேள்வி கேட்கிறாள். பிறருடைய தியாகத்துக்குத் தான் பொருளாவதை அவள் மறுக்கிறாள். ஆயினும் அவள் மறுப்பும் கற்பு என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தை விரைவாகவே கடக்கலாம். கண்ணதாசனின் உறவினரான பஞ்சு அருணாசலமும், காரைக்குடிக்காரரான எஸ்.பி. முத்துராமனும் சேர்ந்து தந்த 'ஆறிலிருந்து அறுபது வரை' (1979), உடன்பிறந்தாருக்காக உழைத்துத் தேய்ந்த ஒருவனிடம் அவர்கள் நன்றி மறக்கும் கதையைச் சொல்லி, தருமக் கணக்கில் பற்று எழுதலாமா என்ற பழைய செட்டிநாட்டுக் கேள்வியைப் புதிதாக எழுப்பியது. திருமூலரின் சொற்றொடரைத் தலைப்பாகக் கொண்ட 'அன்பே சிவம்' (2003) நாத்திகத்தையும் அன்பையும் ஒரு பிரயாணத்தில் சேர்த்துவைத்தது. பாட்டுக்குரிய இடம் படங்களில் குறுகக் குறுக, விசாரம் வசனத்துக்கும் காட்சிக்கும் குடிபெயர்ந்திருக்கிறது.

இனி, கொட்டகை வைராக்கியம் என்ற ஏளனத்துக்கு வருவோம். மயான வைராக்கியம் வீடு திரும்பியதும் மறைகிறது என்பது மெய்; ஆனால் மயானத்துக்கு மனிதன் மறுபடி மறுபடி போக நேர்வதால், அந்த வைராக்கியமும் மறுபடி மறுபடி அவனுக்கு வேண்டியிருக்கிறது. தத்துவப் பாடல் செய்வது அந்தச் சேவையைத்தான்: ஒருமுறை கேட்டுத் தெளிந்துவிட அது சித்தாந்தம் அன்று, புதிய இழப்பு நேரும்போதெல்லாம் எடுத்து ஆளப்பட்டு, ஆள்கிறவனின் வாழ்வால் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுகிற எண்ணம் அது. ஆகவே இத்துறையில் அடுத்து ஆராய வேண்டியது பாட்டுப் புத்தகங்களை மட்டும் அன்று. கடை மேலாள்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களையும், பழைய பேரேடுகளையும், எந்தப் பாட்டை எந்தத் துக்கத்தில் யார் சொன்னார்கள் என்று ஆச்சிமார்கள் இன்றும் நினைவிலிருந்து சொல்லக்கூடிய செய்திகளையும் ஒருசேரத் திரட்டினால், தமிழன் அரை நூற்றாண்டுக் காலம் எந்த எண்ணங்களைக் கொண்டு தன் வாழ்வை நடத்தினான் என்பதற்கு, எந்த மடத்து நூல் நிலையத்திலும் கிடைக்காத ஆதாரம் கிடைக்கும்.