காதல் நாவல், கருத்தரங்கு, அத்தையின் பெருக்கல் குறி

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் வெகுசன இலக்கியம் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. தமிழ்க் காதல் நாவல்களில் ‘தவறான புரிதல்’ என்ற உத்தி எப்படி வேலை செய்கிறது என்று நான் ஒரு கட்டுரை வாசித்தேன். வாசித்தேன் என்பது பெரிய வார்த்தை. பன்னிரண்டு பக்கத்துக்கு ஏழு நிமிடம் கொடுத்தார்கள், ஐந்தாவது நிமிடத்திலேயே துண்டுச் சீட்டு வந்துவிட்டது. முடிவுரைக்குத் தாவி, நன்றி சொல்லி, உட்காரப் போகும்போது அமர்வுத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “அம்மா, இதையெல்லாம் நீங்க விரும்பிப் படிக்கிறீங்களா, இல்ல ஆய்வுக்காகவா?”

“ஆய்வுக்காகத்தான் சார்.”

அரங்கத்தில் லேசான சிரிப்பு. அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மதியம் சாம்பார் சாதம் தொண்டையில் இறங்கவில்லை. சொன்னது பச்சைப் பொய். எட்டாம் வகுப்பிலிருந்து காதல் நாவல் படிக்கிறேன். காய்ச்சல் வந்தால் படிப்பேன், பரீட்சை முடிந்தால் படிப்பேன், முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அன்று ராத்திரி ஒரே மூச்சில் இரண்டு படித்தேன். அன்று அந்த மேடையில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கத்தான் இந்தக் குறிப்பு. யோசிக்க உட்கார்ந்தால் கை தானாக ஜானிஸ் ராட்வேயின் ‘ரீடிங் த ரொமான்ஸ்’ பக்கம் போகிறது. மூன்றாவது தடவையாகப் படித்து முடித்திருக்கிறேன்.

1984இல் வந்த புத்தகம் அது. அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு ஊர். அதற்கு ராட்வே வைத்த புனைபெயர் ஸ்மித்டன். அங்கே ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்த பெண்ணை நூலில் ‘டாட்’ என்று அழைக்கிறார், அதுவும் புனைபெயர்தான். மாதா மாதம் வந்து குவியும் காதல் நாவல்களில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று டாட் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதையே ஒரு செய்திமடலாகவும் எழுத ஆரம்பித்தார். இன்றைக்குப் புத்தகங்களைப் பற்றி நாலு பேருக்கு எழுதிக்கொண்டிருக்கிற எங்களுக்கெல்லாம் மூத்த அக்கா என்றே அவரைச் சொல்லலாம். டாட்டைச் சுற்றியிருந்த 42 பெண்களிடம் வினாத்தாள் கொடுத்தும், 16 பேரிடம் உட்கார்ந்து பேசியும் எழுதப்பட்டது ராட்வேயின் ஆய்வு.

அதற்கு முன்பு காதல் நாவலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் நாவலை மட்டும் படித்துவிட்டு, அதைப் படிக்கிற பெண்ணின் மண்டைக்குள் என்ன நடக்கும் என்று தாங்களே ஊகித்தார்கள். ராட்வே போய்க் கேட்டார். அந்தப் பெண்கள் கதையைப் பற்றிப் பேசியதைவிடப் படிப்பது என்கிற காரியத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். புத்தகத்தைத் திறந்துவிட்டால் இது என் நேரம், புருஷனும் பிள்ளைகளும் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டில் யாரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும். பாளையங்கோட்டையில் இருந்த என் அத்தையிடம் கேட்டிருந்தால் கண்டிப்பாக.

அத்தை வீட்டில் டிரங்குப் பெட்டி நிறைய பைண்டு புத்தகங்கள். வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டவை. லக்ஷ்மி, அநுத்தமா, அப்புறம் ஏகத்துக்கும் ரமணிசந்திரன். பற்றாக்குறைக்கு லெண்டிங் லைப்ரரி. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததிலிருந்து நாலு மணிக்குப் பால் வருகிற வரைக்கும் அவள் யாருக்கும் அத்தை இல்லை. மாமா சைக்கிளை ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டால் புத்தகம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போகும். மாமா ஒன்றும் சொல்ல மாட்டார்தான். ஆனாலும் போகும்.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வாசிப்பு முறை இது: “ஏட்டி, கடைசிப் பக்கத்தப் பாத்துட்டு எடு. அழ வைக்குற கதைக்கு நாம ஏன் வாடக குடுக்கணும்?” ஸ்மித்டன் பெண்களும் முடிவை முதலில் படித்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று ராட்வேயில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிவு தெரிந்தபின் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த வகைமை பிடிபடாது. இருவரும் சேருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிச் சேருவார்கள், அவள் எதை விட்டுக்கொடுத்துச் சேருவாள், எதை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதுதான் கதை. பமீலா ரெஜிஸ் 2003இல் எழுதிய நூலில் காதல் நாவலுக்கு எட்டு அவசியக் கூறுகளைப் பட்டியலிடுகிறார். இருவரும் சந்திப்பது, தடை, எல்லாம் முடிந்துபோனது போலத் தோன்றும் கட்டம் என்று போகும். அந்த எட்டையும் அத்தை பெயர் தெரியாமலேயே தரம் பார்ப்பாள். “தடை வெயிட்டா இல்ல” என்பதை அவள் “சப்புனு இருக்கு” என்பாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் காதல் நாவல் வாசகிகளைப் பற்றி நடந்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று ராதிகா பரமேஸ்வரனுடையது. ஹைதராபாத்தில் மில்ஸ் அண்ட் பூன் படித்த நடுத்தர வர்க்கத்து இளம்பெண்களோடு பழகி எழுதியது. அந்தப் பெண்களிடம் ஒரு நல்ல சாக்கு இருந்தது: இங்கிலீஷ் வளரும். ரமணிசந்திரன் படிக்கிறவளுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. தமிழ் வளரும் என்று சொன்னால் தமிழாசிரியரே அடிக்க வருவார். ஆங்கிலத்தில் காதல் நாவல் படித்தால் கொஞ்சம் அந்தஸ்து ஒட்டிக்கொள்கிறது, தமிழில் படித்தால் இருக்கிறதும் போய்விடுகிறது. நான் மேடையில் சொன்ன பொய்யில் பாதி இதிலிருந்து வந்தது.

மீதிப் பாதி கொஞ்சம் சங்கடமானது.

ராட்வேயின் வாசகிகள் முரட்டுக் கதாநாயகர்களைப் பிடிக்காது என்று தெளிவாகச் சொன்னார்கள். பலாத்காரம் இருந்தால் புத்தகத்தை மூடிவிடுவோம் என்றார்கள். ஆனால் அவர்கள் கொண்டாடிய நாவல்களில் ஒன்று கேத்லீன் வுடிவிஸின் ‘த ஃப்ளேம் அண்ட் த ஃப்ளவர்’. 1972இல் வந்தது. அதன் தொடக்கத்திலேயே நாயகன் நாயகியைப் பலவந்தப்படுத்துகிறான், வேசி என்று தவறாக நினைத்து. அந்த ‘தவறாக நினைத்து’தான் சூட்சுமம். வேண்டுமென்றே செய்தால் அவன் வில்லன். தெரியாமல் செய்தால் நாயகன். அவனுடைய கொடுமையைக் காதலின் முகமூடியாகப் பின்னோக்கிப் படிக்க இந்த வகைமை வாசகிக்குப் பழக்கிக் கொடுக்கிறது என்கிறார் ராட்வே. புத்தகத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்கிற இடம் இது. ஏனென்றால் அவர் சொல்வது சரி.

தமிழில் இந்த உத்திக்கு வேலை இன்னும் அதிகம். நாயகன் பணக்காரன், கோபக்காரன். நாயகி பணத்துக்காக வந்தவள் என்றோ, இன்னொருத்தனோடு பழகியவள் என்றோ நினைத்துவிடுகிறான். நூற்றைம்பது பக்கத்துக்குச் சொல்லால் குத்துகிறான். கடைசியில் உண்மை தெரிகிறது. ‘உன்மேல் இருந்த ஆசையால்தான் அவ்வளவு கோபம்’ என்கிறான். நாயகிக்கு ரோஷம் உண்டு, வாய் உண்டு, வேலைக்குப் போகிற தைரியம் உண்டு. ரமணிசந்திரனின் பலம் அதுதான். சும்மா சொல்லக் கூடாது, நான் வளர்ந்த தெருவில் அந்த நாயகிகள் அளவுக்கு எதிர்த்துப் பேசிய பெண்களை நான் பார்த்ததில்லை. இருந்தும் தீர்ப்பு எழுதும்போது அவனுக்கு எப்போதும் ஒரே சட்டப் பிரிவில் விடுதலை: புரியாமல் செய்துவிட்டான். இன்று இணையத்தில் எழுதப்படும் தொடர்களில் இது ‘ஆன்டி ஹீரோ’ என்று தனி வகையாகவே கிளை விட்டிருக்கிறது. கட்டாயத் தாலியில் ஆரம்பிக்கும் கதைகள். அதில் சிலவற்றை நானும் விடிய விடியப் படித்திருக்கிறேன். படித்து முடித்து, என்மேல் எனக்கே எரிச்சல் வந்து, அடுத்ததைத் தேடியிருக்கிறேன். இதை எந்தக் கட்டுரையிலும் நான் எழுதியதில்லை.

அத்தைக்கு இதற்கு ஒரு முறை இருந்தது. லைப்ரரிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போடுவாள். படித்ததையே திரும்ப எடுத்து வராமலிருக்க எல்லோரும் அப்படி ஏதாவது போடுவதுண்டு. இனிஷியல், புள்ளி, பூ. அத்தையுடையது இரண்டு வகை. டிக், இல்லாவிட்டால் பெருக்கல். பெருக்கல் என்றால் பிடிக்கவில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பத்தாம் வகுப்பு லீவில் கேட்டபோது சொன்னாள்: “அது கை நீட்டுறவன் கதை. ஒங்களுக்கு வேண்டாம்.” வீட்டுப் பெண்பிள்ளைகள் யாருக்கும் பெருக்கல் போட்ட புத்தகம் கொடுக்கப்படவில்லை. மன்னிப்புக் கேட்டாலும், காலில் விழுந்தாலும், ‘புரியாமல்’ செய்திருந்தாலும் பெருக்கல்தான்.

இங்கேயே நிறுத்தினால் அத்தை ராட்வேயை ஜெயித்துவிட்டாள் என்று ஆகிவிடும். அது நேர்மையாக இருக்காது. டிரங்குப் பெட்டியில் அவளுக்கு உயிரான பைண்டு ஒன்று உண்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். அதில் நாயகன் நாயகியை ஒருமுறை அறைகிறான். அதற்குப் பெருக்கல் இல்லை. கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “அது அவன் தெரியாம பண்ணதுல்லா” என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஸ்மித்டனில் என்ன நடந்ததோ அதேதான். விதியைப் போட்டதும் அவள்தான், விலக்குக் கொடுத்ததும் அவள்தான். ஆனால் ஒன்று. ராட்வேயின் நூலில் இந்த முரண் ஆய்வாளர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது, வாசகிகள் அதற்குள் இருக்கிறார்கள். அத்தை அப்படியில்லை. நான் கேட்டதும் பதில் சொல்லத் தயங்கினாளே, அந்தத் தயக்கத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 1991இல் வந்த மறுபதிப்புக்கு எழுதிய புதிய முன்னுரையில் ராட்வே தன் பழைய நிலைப்பாட்டைத் தானே கேள்விக்குட்படுத்துகிறார். பெண்ணிய ஆய்வாளர் ஒரு பக்கம், காதல் நாவல் வாசகி மறுபக்கம் என்று தான் போட்ட கோட்டில் கொஞ்சம் மேட்டிமை இருந்தது என்கிறார். அந்த முன்னுரையை நம் கருத்தரங்குகளில் யாரும் மேற்கோள் காட்டிக் கேட்டதில்லை. முதல் பதிப்பைக் காட்டுகிறார்கள், அதிலும் முடிவுரையை.

வாசகிகளும் எழுத்தாளர்களும் தாங்களே நடத்துகிற மாநாடு என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று ஒருகாலத்தில் நினைத்தேன். அமெரிக்காவின் காதல் நாவலாசிரியர் சங்கம் 1980இல் தொடங்கியது. வருடாந்திர மாநாடு, ‘ரீட்டா’ விருது. பொறாமையாக இருக்கும். அந்த விருதைக் கறுப்பின எழுத்தாளர் ஒருவர் முதன்முதலில் வாங்கியது 2019இல்தான். அதே வருடக் கடைசியில், ஒரு நாவலில் சீனப் பெண்கள் சித்திரிக்கப்பட்ட விதம் இனவெறி என்று வெளிப்படையாகச் சொன்ன கோர்ட்னி மிலன்மீது சங்கம் நடவடிக்கை எடுத்தது. எதிர்ப்பு வெடித்து, நடவடிக்கை வாபஸாகி, மறு வருட விருதே ரத்தானது. 2024இல் சங்கம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. வெளியாள் இளக்காரம் செய்தபோதெல்லாம் ஒன்றாக நின்றவர்கள், உள்ளே இருப்பவள் கடைசிப் பக்கத்தில் பெருக்கல் போட்டதும் சிதறிவிட்டார்கள்.

என் கட்டுரையில் அத்தை இல்லை. அவளுடைய குறிகளும் இல்லை. தரவுக்கு ஆதாரம் வேண்டும், புத்தகங்கள் கைவசமில்லை, லைப்ரரி மூடிப் பல வருடமாயிற்று என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அத்தையைச் சொன்னால் அவள் மடியில் படுத்துக்கொண்டு அதே புத்தகத்தைப் படித்த என்னையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அறை விழுந்த கதை எனக்கும் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்கும் பிடிக்கும்.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருஷம் தவறாமல் போகிறேன். காதல் நாவல் அடுக்கியிருக்கும் ஸ்டால்களில் பெண்கள் கையில் துண்டுக் காகிதத்தோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தலைப்புகளின் பட்டியல் அது. ஒருத்தர் ஒரு புத்தகத்தை எடுக்க, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத இன்னொருத்தர், “அது வேண்டாம்மா, அதுல அவன் ரொம்பப் படுத்துவான்” என்கிறார். இவர் வைத்துவிடுகிறார். பணம் கட்டி, பை வாங்கி, சான்றிதழ் வாங்கி நான் போய் வந்த கருத்தரங்கு எதிலும் இவ்வளவு துல்லியமான மதிப்புரையை இரண்டு வரியில் கேட்டதில்லை.

அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஆய்வுச் சுருக்கம் 250 சொற்களுக்குள் இருக்க வேண்டுமாம். ‘நான்’ என்று எழுதக் கூடாது, ‘ஆய்வாளர்’ என்றே குறிப்பிட வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறது. “நான் எட்டாம் வகுப்பிலிருந்து காதல் நாவல் படிக்கிறேன்” என்று தொடங்கும் சுருக்கத்தை நேற்று ராத்திரி அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.