ரெனோ டிரைபர்: நான்கு மீட்டருக்குள் ஏழு இருக்கைகள்

ரெனோ டிரைபர் என்பது பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனம் இந்தியச் சந்தையை மனத்தில் கொண்டு உருவாக்கி, சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலையில் தயாரித்துவரும் ஏழு இருக்கைக் குடும்ப மகிழுந்து ஆகும். (நம் பக்கத்தில் பலரும் ‘ரெனால்ட்’ என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சில் கடைசியில் வரும் ‘ல்ட்’ ஒலிப்பதில்லை.) 2019 ஜூன் மாதம் தில்லியில் காட்சிக்கு வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்று விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை ரூ. 4.95 இலட்சம். இக்கட்டுரை இவ்வண்டி பிறந்த கதையைச் சொல்வதுடன், அது சொன்னதைச் செய்கிறதா என்பதையும் பார்க்கிறது.

முன்னோர்கள்

மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட குடும்ப வண்டி பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதிதல்ல. பெஜோ நிறுவனத்தின் 404, 504 வண்டிகளில் ‘ஃபமிலியால்’ என்ற நீண்ட வடிவம் இருந்தது. 1984இல் ரெனோ வெளியிட்ட எஸ்பாஸ் இவ்வகையில் பெரும் பெயர் பெற்றது. அதை உருவாக்கியது மாத்ரா நிறுவனம். பெஜோ வேண்டாம் என்று கைவிட்ட பிறகே அது ரெனோவிடம் வந்தது. முதல் மாதத்தில் விற்றவை 9 வண்டிகள் மட்டுமே. பின்னர் ஐரோப்பா முழுவதும் அதைப் பின்பற்றியது. ஆனால் அந்த வண்டிகள் எல்லாம் நீளத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டவை. டிரைபருக்கு அந்தத் தாராளம் கிடைக்கவில்லை.

காரணம் நம் நாட்டு வரிச் சட்டம். 2006-07 நிதிநிலை அறிக்கையில் சிறிய வண்டிகளுக்கான உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிறிய வண்டி என்றால் நீளம் 4,000 மி.மீ.க்கு மிகக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 கன செ.மீ.க்கும், டீசல் எஞ்சின் 1,500 கன செ.மீ.க்கும் மிகக் கூடாது. அன்று முதல் இந்தியாவில் மகிழுந்தை வடிவமைப்பவர் கையில் பென்சிலுக்கு முன் அளவுநாடா இருக்க வேண்டியதாயிற்று. சரக்கு சேவை வரி வந்த பிறகும் அந்த நான்கு மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் உள்ள வண்டிக்கு 18 விழுக்காடு, வெளியே உள்ளதற்கு 40 விழுக்காடு என்று இடைவெளி இன்னும் கண்ணில் படுகிறது.

இந்தக் கோட்டில் ரெனோ இரண்டு முறை இடறியது. மகிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து 2007இல் நாசிக்கில் தயாரித்த லோகன், ருமேனியாவில் புகழ்பெற்ற மலிவு வண்டி. இங்கே அதன் நீளம் நான்கு மீட்டரைத் தாண்டியதால் வரிச்சலுகை கிட்டவில்லை. ரெனோ 2010இல் கூட்டிலிருந்து விலகியது. மகிந்திரா அதற்கு வெரிட்டோ என்று பெயர் மாற்றி, 2013இல் பின்பக்கத்தை வெட்டி ‘வைப்’ என்று கோட்டுக்குள் கொண்டுவந்தது. இரண்டாவது லாட்ஜி. 2015இல் ஒரகடத்திலிருந்து வந்த, ஏறத்தாழ நான்கரை மீட்டர் நீள வண்டி. உள்ளே இடத்துக்குக் குறைவில்லை, ஆனால் விற்கவில்லை. சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது.

க்விட் என்னும் பாடம்

டிரைபரைப் புரிந்துகொள்ள அதன் அண்ணனான க்விட்டைப் பார்க்க வேண்டும். லோகனை உருவாக்கிய ஜெரார்ட் தெதூர்பே சென்னையில் தங்கி வழிநடத்திய திட்டம் அது. உதிரிப்பாகங்களில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டிலேயே வாங்கப்பட்டது. 2015 செப்டம்பரில் க்விட் வெளிவந்தது. 800 கன செ.மீ. அளவில் எஞ்சின், ஏறத்தாழ 660 கிலோ எடை. சிக்கனத்தில் அது பெரிய சாதனை என்பதை மறுக்க முடியாது.

ஆனால் 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் க்விட் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. காற்றுப்பை பொருத்திய வடிவமும் தேறவில்லை. அதே க்விட் பிரேசிலில் தயாரிக்கப்பட்டபோது உடற்கூடு வலுப்படுத்தப்பட்டு, நான்கு காற்றுப்பைகளுடன் மூன்று நட்சத்திரம் பெற்றது. எப்படிச் செய்வது என்று தெரியாமல் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். அப்போது இந்தியாவில் முன்பக்க மோதல் விதி கட்டாயமாக இருக்கவில்லை. 2017 அக்டோபரில் புதிய மாதிரிகளுக்கு முதலில் வந்தது. விதி இல்லாத இடத்தில் நிறுவனம் தானாகச் செய்யவில்லை. இதைச் சிக்கனம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே இருக்கும் அறிவு

டிரைபர் க்விட்டின் சி.எம்.எஃப்-ஏ அடித்தளத்தை நீட்டி எடுத்தது. நீளம் 3,990 மி.மீ. கோட்டுக்கு 10 மி.மீ. உள்ளே! இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 2,636 மி.மீ.; க்விட்டில் அது 2,422. சக்கரங்களை ஓரங்களுக்குத் தள்ளி, முன்மூக்கைச் சுருக்கி, கூரையைப் பின்பக்கம் சற்று உயர்த்தியதால் கிடைத்த இடம் இது.

நான்கு மீட்டருக்குள் மூன்று வரிசை என்பதை இதற்கு முன்பே அதே ஒரகடத்தில் டாட்சன் கோ பிளஸ் முயன்றது. அதன் மூன்றாம் வரிசை பெயரளவில்தான். டிரைபரில் நடு வரிசை முன்னும் பின்னும் நகர்கிறது, சாய்கிறது, மடிகிறது. மூன்றாம் வரிசை இருக்கைகள் இரண்டையும் தனித்தனியே கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். பின் இருக்கைகளுக்கும் குளிர்காற்றுத் துவாரங்கள் உண்டு. ஏழு பேர் அமர்ந்தால் சாமான் இடம் 84 லிட்டர். அது இரண்டு பைகளுக்கே போதும். பின் இருக்கைகளைக் கழற்றினால் 625 லிட்டர். இந்த இரண்டு எண்களே வண்டியின் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. இது ஐந்து பேர் சாமானோடு போகும் வண்டி. தேவைப்பட்டால் இரண்டு சிறுவர்களை ஏற்றிக்கொள்ளும். அந்த வகையில் இதன் உள்வடிவமைப்பு பாராட்டத்தக்கது. இதைவிட விலை கூடிய வண்டிகளில்கூட இவ்வளவு யோசனையை நான் பார்க்கவில்லை.

மலைப்பாதைக் கணக்கு

பாபநாசத்தில் குடியிருப்பவனுக்கு மகிழுந்து விமர்சனம் எழுதத் தனியாகச் சோதனைச்சாலை தேவையில்லை. விடுமுறை நாள்களில் வனத்துறைச் சோதனைச்சாவடியில் நின்றால் போதும். காரையாறு அணைக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் போகும் குடும்பங்கள், சமையல் பாத்திரம், குடிநீர்க் குடம், பாட்டி, பேரன் சகிதம் வரிசையில் நிற்கும். அங்கிருந்து பாதை ஏற்றமும் வளைவுமாகப் போகிறது.

வகுப்பில் சொல்வதுபோல் ஒரு சிறு கணக்குப் போடுவோம். டிரைபரின் வெற்று எடை ஏறத்தாழ 950 கிலோ. ஆளுக்கு 60 கிலோ என ஏழு பேர் 420 கிலோ. ஆக 1,370 கிலோ, சாமான் தனி. இதை இழுப்பது 999 கன செ.மீ. அளவுள்ள மூன்று உருளை எஞ்சின். 72 குதிரைத்திறன், முறுக்குவிசை 96 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,500 சுழற்சியில். ஏற்றத்தில் இரண்டாம் கியரை விட்டு மேலே போக முடியாது என்பதை ஓட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சமவெளியில் ஊருக்குள் ஓட்ட இது போதும். ஏழு பேரோடு மலை ஏறவும், நெடுஞ்சாலையில் லாரியை முந்தவும் போதாது.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. இதே அளவு எஞ்சின், டர்போ பொருத்தி 100 குதிரைத்திறனும் 160 நியூட்டன் மீட்டரும் தருவது, இதே ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டிலும் ரெனோ கைகரிலும் கிடைக்கிறது. அவை ஐந்து பேர் வண்டிகள். அதிக ஆள் ஏறும் வண்டிக்குக் குறைந்த எஞ்சின், குறைந்த ஆள் ஏறும் வண்டிக்குக் கூடிய எஞ்சின்! விலை ஏறிவிடும் என்பார்கள். குறைந்தபட்சம் உயர்நிலை வடிவத்திலாவது கொடுத்திருக்கலாம்.

பாதுகாப்பு

2021இல் குளோபல் என்கேப் சோதனையில் டிரைபர் பெரியவர் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்பில் மூன்று நட்சத்திரமும் பெற்றது. க்விட்டோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். ஆயினும் உடற்கூடு நிலையற்றது என்று அவ்வறிக்கை குறித்தது. எல்லா இருக்கைக்கும் மூன்றுமுனை வார் இல்லாததையும் சுட்டியது. விளம்பரத்தில் நான்கு நட்சத்திரம் மட்டும் பெரிதாகத் தெரியும். குடும்ப வண்டி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது குழந்தைகளுக்கான எண்ணிக்கையைத்தான், ஏனெனில் கடைசி வரிசையில் உட்காரப்போவது அவர்களே. அந்த வரிசைக்கும் பின்கதவுக்கும் இடையில் இருப்பது 84 லிட்டர் வெளி.

2025 ஜூலையில் வந்த புதுப்பிப்பில் எல்லா வடிவங்களிலும் ஆறு காற்றுப்பைகள் வந்தன. தொடக்க விலை ரூ. 6.29 இலட்சம் ஆயிற்று. வேண்டியதே, ஆனால் ஆறு ஆண்டு தாமதம். எஞ்சின் மட்டும் மாறவில்லை.

தயாரிப்பு வரலாறு என்று எழுதும்போது இன்னொன்றையும் விடக்கூடாது. 2021 மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், ஒரகடத் தொழிலாளர்கள் பணியிட இடைவெளி கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். ஆலை சில நாள் மூடப்பட்டது. 2010இல் ரெனோவும் நிசானும் சேர்ந்து திறந்த அந்த ஆலையில் நிசானின் 51 விழுக்காட்டுப் பங்கையும் 2025இல் ரெனோ வாங்கிக்கொண்டது.

விக்கிரமசிங்கபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் டிரைபர் நிற்கிறது. வாங்கிய மறுவாரமே கழற்றிய மூன்றாம் வரிசை இருக்கைகள் திண்ணையில் கிடக்கின்றன. வீட்டுத் தாத்தா காலையில் அதில் சாய்ந்துதான் செய்தித்தாள் படிக்கிறார்.