கருங்கல்லை ரசிப்பது எப்படி?

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலுக்குச் செல்வோர் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்து மகிழ்கிறார்கள். மண்டபத் தூண்களில் உளி செய்திருக்கும் வேலையைக் கண்டு வியக்கிறார்கள். அந்தச் சுதைக்கும் அந்த வேலைக்கும் ஆதாரமாயிருக்கிற கல்லையே ஒரு பொருளாக மதித்து, அதன் முன் சற்று நின்று பார்ப்போர் மிகச் சிலரே. ஸ்தபதி உளியைக் கையில் எடுப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே அந்தக் கல்லுக்குள் ஒரு சிருஷ்டி நடந்து முடிந்திருக்கிறது. மணிமணியாகப் பொருந்தி, ஒன்றின் விளிம்பை மற்றொன்று கவ்விக்கொண்டிருக்கும் அதன் அவயவங்களை அறிந்தவனுக்கு, அது எந்த ஆழத்தில், எவ்வளவு உஷ்ணத்தில், எத்தனை நிதானமாக உருவாயிற்று என்னும் வரலாறு அதிலேயே பிரத்தியட்சமாகத் தெரியும். அவ்வாறு காண்பதற்குரிய வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்க்கும் முறை

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய பூதக்கண்ணாடி, கொஞ்சம் தண்ணீர், ஒரு காந்தத் துண்டு ஆகிய இவையே வேண்டிய உபகரணங்கள். பூதக்கண்ணாடியைக் கல்லின் மேல் பிடித்துத் தொலைவிலிருந்து பார்க்கலாகாது. அதைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, கல்லை அதன் அருகே, ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். உச்சி வெயிலில் கல்லின் முகம் வெளிறிப்போகும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கரை மணிக்குப் பின்னும் விழுகிற சாய்ந்த வெயிலே உகந்தது.

கோயில் தூண்களில் எண்ணெயும் கைப்பட்ட மெருகும் ஏறியிருக்கும். அவற்றைச் சுரண்டுவதோ நனைப்பதோ கூடாது. முதல் பாடத்துக்கு, கட்டடம் எழும் இடந்தோறும் குவிந்துகிடக்கிற கருங்கல் ஜல்லியே சிறந்தது. அதிலிருந்து புதிதாக உடைந்த முகமுள்ள ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, நீர் தெளித்து, வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

மூன்று அவயவங்கள்

கல்லைத் திருப்பும்போது, தட்டையான சிறு முகங்கள் திடீரென ஒளிவிட்டு மறையும், அவை பெல்ஸ்பார். கருங்கல் என்னும் பொதுப்பெயருக்குள் அடங்கும் கிரானைட்டில் மிகுதியாக இருப்பது இதுவே. பொட்டாசியம் மிகுந்தது இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ இருக்கும். சோடியமும் கால்சியமும் கொண்ட மற்றொரு வகையின் முகத்தில், பூதக்கண்ணாடியில் மட்டும் புலப்படும் மெல்லிய இணைகோடுகள் ஓடும். எப்படித் திருப்பினாலும் தட்டை முகம் காட்டாமல், கண்ணாடிச் சில்லைப் போன்ற பளபளப்போடு சாம்பல் நிறமாக இடைவெளிகளில் தங்கியிருப்பது குவார்ட்ஸ். இவ்விரண்டும் சேர்ந்த பங்கில் ஐந்தில் ஒன்றாவது குவார்ட்ஸாக இருந்தால்தான் பூகர்ப்ப சாஸ்திரிகள் ஒரு கல்லைக் கிரானைட் வகையில் சேர்ப்பார்கள். மூன்றாவது, கரும்புள்ளிகளாகச் சிதறியிருக்கும் கறுப்பு அப்பிரகமும் ஹார்ன்பிளெண்டும். அப்பிரகத்தை நம் ஊரார் காக்காப்பொன் என்பார்கள். ஊசி முனையால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும்.

இனி, எது எதற்கு இடம் கொடுத்திருக்கிறது என்று கவனியுங்கள். கரிய கனிமங்களும் பெல்ஸ்பாரும், உருகிய பாறைக் குழம்பு தாராளமாக இருந்த காலத்தில் முந்தி உறைந்தமையால் பெரும்பாலும் தமக்குரிய வடிவத்தைப் பெற்றிருக்கும். குவார்ட்ஸோ பந்திக்குக் கடைசியில் வந்தவர் மிஞ்சிய இடத்தில் அமர்வதுபோல, எஞ்சிய சந்துகளின் வடிவத்தையே தன் வடிவமாக ஏற்றிருக்கும். மணிகள் கண்ணுக்குத் தெரியுமளவு பெரியனவாயிருப்பதே, குழம்பு தரைக்கு மேல் சடுதியில் ஆறாமல், பல கிலோமீட்டர் ஆழத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் மெதுவாகக் குளிர்ந்ததற்குச் சாட்சி.

மலைத்தொடரின் கர்ப்பத்தில்

கிரானைட் ஆதி சமுத்திர நீரிலிருந்து படிந்து உறைந்தது என்று நம்பப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1785-இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், பழைய பாறைகளைப் பிளந்துகொண்டு கிரானைட் நரம்புகள் ஊடுருவியிருப்பதைக் கண்ட ஜேம்ஸ் ஹட்டன், அது உருகிய குழம்பாகவே வந்திருக்க வேண்டும் என்று உணர்ந்தார். 1958-இல் டட்டில், போவன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், நீரோடு கூடிய நிலையில் மிகக் குறைந்த உஷ்ணத்தில் உருகும் கலவையும் இயற்கைக் கிரானைட்டின் கலவையும் ஏறக்குறைய ஒன்றே என்று பரிசோதனையால் நிறுவினார்கள்.

இது மலைத்தொடர்களில் நிகழும் விதத்தை இமயம் காட்டுகிறது. இரண்டு கண்டங்கள் மோதும்போது மேலோடு மடிந்து தடிக்கிறது. சாதாரணமாக முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் இருக்கும் கனம், இமயத்தையும் திபெத்தையும் ஒட்டி எழுபது வரை சென்றிருக்கிறது. அடியில் அமிழ்ந்த பாறைகளிலுள்ள அப்பிரகம், தன்னுள் பொதிந்திருக்கும் சிறிதளவு நீரை எழுநூறு டிகிரி சென்டிகிரேடைக் கடக்கும் உஷ்ணத்தில் விட்டுக்கொடுக்க, அந்த நீரின் துணையால் பாறையின் ஒரு பகுதி உருகி, சுற்றியுள்ள பாறையைவிட லேசாக இருப்பதால் மேல்நோக்கி ஏறி, வழியில் உறைகிறது. கங்கோத்திரி யாத்திரை செல்வோர் தரிசிக்கும் பாகீரதி சிகரங்களும் சிவலிங்க சிகரமும் அவ்வாறு ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த வெண்ணிறக் கிரானைட்டே.

சென்னையின் சொந்தக் கல்

உருகியது மேலே ஏறிற்று. அடியில் தங்கியது என்னவாயிற்று? அதற்கு விடை காண இமயத்தைத் தோண்ட வேண்டியதில்லை. பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் போனால் போதும். கல்கத்தாவில் 1693-இல் காலமான ஆங்கிலக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த பூகர்ப்ப சாஸ்திரி தாமஸ் ஹாலந்து, அது இந்தச் சென்னைக் குன்றுகளின் கல் என்று கண்டு, 1893-இல் இவ்வினத்துக்குச் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டினார். உலகமெங்கும் பூகர்ப்ப சாஸ்திர மாணவர்கள் படிக்கிற அப்பெயருக்குரிய மூலக்கல் நம் பல்லாவரத்தில் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது.

உங்கள் கையிலுள்ள ஜல்லி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இதன் குவார்ட்ஸ் நீலச்சாயல் பெற்றது. பெல்ஸ்பார் பச்சையும் சாம்பலும் கலந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்குவது. அதனாலேயே குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் நிறைந்திருந்தும் கல் முழுவதும் இருண்டு தோன்றுகிறது. அப்பிரகத்தின் இடத்தில், வெண்கலப் பழுப்பாகச் சுடர்விடும் ஹைப்பர்ஸ்தீன் இருக்கிறது. அப்பிரகம் தன்னுள் நீரை உடையது, ஹைப்பர்ஸ்தீன் நீரற்றது. ஏறக்குறைய இருபது முதல் முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், எண்ணூறு டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், நீர் நீங்கி வறண்ட நிலையில் இக்கல் பக்குவப்பட்டது. அந்த வறட்சியை ஹைப்பர்ஸ்தீனே அறிவிக்கிறது.

இது குழம்பு உறைந்த கல் என்பது ஹாலந்தின் கொள்கை. வேறு பாறை உஷ்ணத்தால் உருமாறியதே என்பது பின்வந்தோரில் பலருடைய வாதம். 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்துக் கப்பால்துர்க்கத்தில், சாம்பல் நிற வரிப்பாறை ஆங்காங்கே திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட்டாக மாறியிருப்பதை எடுத்துக்காட்டினார். இருவகைப் பிறப்பும் உண்டு என்பதே இன்று பலர் ஏற்கும் முடிவு. எவ்வகையாயினும், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியாழத்தில் பக்குவமான இக்கல் இன்று நம் காலடியில் கிடப்பதற்கு, அதன்மேலிருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் மழையாலும் காற்றாலும் கரைந்து போயிருக்க வேண்டும்.

கரைந்தது போன இடம்

கரைந்தது எங்கே போயிற்று என்று காணப் புறப்படுமுன், தியாகராய நகரில் கடைப் படிகளையும் மேடைப் பலகைகளையும் பாருங்கள். வெண்பரப்பில் சிவந்த மணிகள் தெறித்திருந்தால் அவை கார்னெட். மதுரைப் பக்கத்து மேலூரிலிருந்து வரும் கல்லில் அவற்றைக் காணலாம். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்திலிருந்து வரும் கன்னங்கரிய பலகை, வியாபாரத்தில் கிரானைட்டாக விற்கப்பட்டாலும், குவார்ட்ஸ் பெரும்பாலும் இல்லாத வேறு இனத்தது.

பிறகு அடையாற்றைக் கடந்து எலியட்ஸ் கடற்கரைக்குச் செல்லுங்கள். பெல்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் அழியாமல் மணலாகிறது. அலை அரித்து ஒதுக்கிய கரிய கோடுகளில் காந்தத்தை நீட்டினால் இரும்புத் தாதுத் துகள்கள் தாவி ஒட்டும். அவற்றினூடே செம்மணிகள் பூதக்கண்ணாடியில் ஒளிரும்.

கல்லும் கலையும்

இவ்வளவும் அறிந்தபின் சிற்பத்திடம் திரும்புங்கள். ஹொய்சளர்கள் பேலூரில் எடுத்தாண்ட மாக்கல்லை நகத்தாலேயே கீறலாம். ஆகவே அங்கே சல்லடை வேலைப்பாடு சாத்தியமாயிற்று. நம் கல்லிலோ, கடினத்தின் பத்துப் படிகளில் ஆறாம் படியிலுள்ள பெல்ஸ்பாரும் ஏழாம் படியிலுள்ள குவார்ட்ஸும் அடுத்தடுத்து இருக்கின்றன. உளி ஒன்றைக் கடந்ததும் மற்றொன்றில் மோதுகிறது. பல்லாவரத்தில் குகை குடைந்த மகேந்திரவர்மன் காலத்துச் சிற்பிகளும், மாமல்லபுரத்தில் யானையை நிறுத்திய அவர்களுடைய வழித்தோன்றல்களும் நுணுக்க அலங்காரத்தைக் குறைத்து, விரிந்த தோளிலும் திரண்ட உடலிலும் கம்பீரத்தை நாடியதற்கு, அவர்களுடைய ரசனையோடு கல்லின் சுபாவமும் காரணம். தட்டினால் மணிபோல் ஒலிப்பதை ஆண் கல் என்று தேர்ந்தெடுத்த ஸ்தபதிகள் அச்சுபாவத்தைச் செவியாலும் அறிந்திருந்தார்கள். இறுகப் பொருந்தி, உள்ளே வெடிப்பின்றி இருக்கும் கல்லே அவ்வாறு ஒலிக்கும்.

ஆகையால், சிலையை ரசிக்க விரும்புகிறவர் முதலில் கல்லை ரசிக்கப் பழகட்டும். ஒரு மாத காலம் தினம் பத்து நிமிஷம் பூதக்கண்ணாடியோடு பழகினால் போதும். பிறகு மயிலாப்பூர்த் தூணொன்றில் வளைந்தோடும் ஒரு கோட்டைப் பார்க்கையில், அது எத்தனை பெல்ஸ்பார் முகங்களையும் குவார்ட்ஸ் மணிகளையும் சமமாகக் கடந்து வழுவாமல் சென்றிருக்கிறது என்பது புலனாகும். அதைச் செதுக்கியவனுடைய கைக்கு நாம் செலுத்தும் மரியாதையும் அன்றுதான் பூரணமாகும்.