செல்வோரும் இருப்போரும்: பொத்துவிற் கரையோரத்தில் ஊர் நினைவின் சமூக அடிப்படை

ஊரைப் பிரிந்தவன் ஊரை நினைந்து ஏங்குவது மனித இயல்பு என்று கூறி அமைந்துவிடுவது நமது திறனாய்வாளர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. 1950களிலும் 1960களிலும் ஈழத்தில் ‘மண்வாசனை’ என்ற சொல் ஒரு போராட்டச் சொல்லாக வழங்கியது. உழைக்கும் மக்களின் பேச்சையும் வாழ்வையும் எழுத்துக்குட் கொணரவேண்டும் என்ற கோரிக்கை அதனுள் அடங்கியிருந்தது. இன்று அச்சொல் நூல் வெளியீட்டு உரைகளில் வழங்கும் உபசாரமாகத் தேய்ந்துவிட்டது. வயலும் கடலும் தென்னையும் ஒரு கவிதையில் வந்துவிட்டால் அது மண்ணின் ஏக்கம் எனப்படுகிறது. எவர் ஊரை விட்டுச் சென்றார், எதன்பொருட்டுச் சென்றார், அவருக்கு அவ்வூரில் உடைமை யாது என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. கிழக்கிலங்கையின் தென்கரையை, சிறப்பாகப் பொத்துவிலை, முன்வைத்து இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே நமது நோக்கமாகும்.

கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நெருங்கித் தொடரும் ஊர்களைக் கடந்து, திருக்கோவிலையும் கோமாரியையும் தாண்டித் தெற்கே வருவோர்க்குப் பொத்துவில் சற்று விலகியே தென்படும். கடலும் களப்பும் வயலும் காடும் ஒன்றையொன்று நெருக்கிநிற்கும் இடம் அது. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பெரும்பான்மையினர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். வயற்செய்கை, மீன்பிடி, சேனை, சிறுவியாபாரம் ஆகியனவே நெடுங்கால வாழ்வாதாரம்.

இக்கரையோரத்தின் குடும்ப அமைப்பை விளங்கிக்கொள்ளாது இங்குள்ள பிரிவிலக்கியத்தை விளங்கிக்கொள்ள இயலாது. முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் தாய்வழிக் ‘குடி’ முறை நிலவுகிறது. மணமானதும் ஆண்மகன் மனைவியின் வீட்டுக்குச் செல்கிறான். வீடு மகளுக்குரிய சீதனம். பெற்றோர் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாம் அருகே சிறியதொன்றில் ஒதுங்குவதும் உண்டு. அக்கரைப்பற்றிற் பல்லாண்டு கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வமைப்பை விரிவாக எழுதியுள்ளார். ஊரார் பேச்சிலும் இது புலப்படும்: ‘ராத்தாட வீடு’, ‘மாமிட வீடு’ என்றே வீடுகள் சுட்டப்படுகின்றன. ஆகவே தமிழகத்துப் பாடல்களில் நாம் பரக்கக் காணும் குரல், அதாவது புகுந்தவீட்டிலிருந்து பிறந்தகத்தை நினைந்து விம்மும் பெண்ணின் குரல், இங்கு வலுப்பெற இடமில்லை. இங்கே பிறந்த வளவை விட்டுப் பெயர்பவன் ஆண்; பெண் இருந்த இடத்தில் இருக்கிறாள்.

நாட்டார் ‘கவி’கள் இந்நிலையிலிருந்தே முளைத்தன. நான்கடியில் அமையும் இக்கவிகளில் மச்சானும் மச்சியும் பேசிக்கொள்கின்றனர். அவன் வட்டையிலோ வாடியிலோ இருக்கிறான்; வேளாண்மையைக் காக்கப் பரணில் இரவு கழிகிறது; யானையும் பனியும் அச்சுறுத்துகின்றன. அவள் வாசலில் இருந்து நாட்களை எண்ணுகிறாள். இவற்றைத் தொகுத்தோர் பெரும்பாலும் காதற்சுவையையே பாராட்டினர். வட்டையில் விளைந்தது எவருடைய நெல் என்பதே நமக்கு முதன்மையான வினா. நிலம் போடியாருடையது, காவலிருந்தவன் முல்லைக்காரன். விளைச்சல் பங்கிடப்பட்டாலன்றி அவன் ஊர் திரும்ப முடியாது. எனவே கவியிற் கேட்கும் ஏக்கத்துக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. விதைப்பில் தொடங்கிச் சூடடிப்பில் முடிவது அது. மனம் ஊருக்கு இழுபடுவதாகத் தோன்றும் இடமெல்லாம் கூலியின் கணக்கும் உடன் ஓடுகிறது.

இந்த வகையில் அக்கவிகள் பழந்தமிழ்ப் பாலைப் பாட்டின் உறவினரே. பொருள்வயிற் பிரிவு ஆடவனுக்குரியது, ஆற்றியிருத்தல் பெண்ணுக்குரியது. பெண்ணோடு கடல் கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுத்ததும் இவ்வொழுங்கின் பகுதியே. திணைக்கோட்பாட்டைப் பொருளுற்பத்தி முறைகளோடு பொருத்தி ஆராய்ந்த கா. சிவத்தம்பியின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை நமக்குக் காட்டிய வழி இங்கும் பயன்படும். இலக்கணம் விதித்ததனாற் பெண் வீட்டிலிருந்தாள் என்பதிலும், வீட்டிலிருந்த பெண்ணை இலக்கணம் விதியாக்கிக்கொண்டது என்பதே பொருந்தும்.

அவ்விதி இக்கரையில் உடைந்தது 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னராகும். உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வயலில் ஆட்கூலியைக் குறைத்தன. போர் வயலுக்கும் காட்டுக்கும் செல்லும் வழிகளை அடைத்தது. அதே காலத்தில் வளைகுடா நாடுகள் வீட்டுப் பணிப்பெண்களைக் கேட்டன. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து இவ்வாறு சென்றோரில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் பெண்கள். பொத்துவில், கல்முனை முதலிய ஊர்களின் முஸ்லிம் பெண்களும் அவருட் பலராவர்.

எதற்காகச் சென்றனர் என்று கேட்டாற் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: வீடு. சீதன வீட்டைக் கட்டித்தர வாப்பாவுக்கு வழியில்லை. ஆகவே மகள் தானே சென்று தன் சீதனத்தை உழைக்கிறாள், அல்லது உம்மா சென்று மகளுக்கு உழைக்கிறாள். (மார்க்கப்படி மணமகன் மஹர் கொடுக்கவேண்டும் என்பது பள்ளிவாசல்தோறும் சொல்லப்படுவதுதான், சீதன வீடு அதனாற் குறைந்ததாகத் தெரியவில்லை.) எந்த அமைப்பு பெண்ணை வீட்டுக்கு உடையவளாக்கியதோ அதே அமைப்பு அவளை அவ்வீட்டிலிருந்து வெளியேற்றியது. இம்முரண்பாடே கடந்த நாற்பது ஆண்டுகளில் இக்கரையின் மையமான அனுபவம் என்பது நமது கருத்து. அங்கிருந்து அவளை இழுத்தது ‘மண்’ அன்று. அரைச்சுவர் எழும்பி நின்ற ஒரு வீடு. கூரைக்குப் பணம் சேரும்வரை அவள் திரும்ப முடியாது. திரும்பிவந்து அடுத்த மகளுக்கு வீடில்லையெனக் கண்டதும் மீண்டும் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கிறாள்.

மலபாரை ஒப்புநோக்குவது பயன்தரும். 1970களின் பிற்பகுதியில் எஸ். ஏ. ஜமீல் இயற்றிய ‘துபாய்க் கத்துப் பாட்டு’ மாப்பிளை முஸ்லிம்களிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கியது. வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம் அது. கணவனின் மறுமொழியாகவும் ஒரு பாட்டை ஜமீலே இயற்றினார். அங்கு ஆண் சென்றான், பெண் இருந்தாள். பழைய பாலையின் அமைப்புச் சிதையவில்லை, ஆகவே பாட்டு உடனே வாய்த்தது. நமது கரையிற் சென்றவள் பெண். இருந்து ஆற்றும் ஆணுக்கோ, சென்று உழைக்கும் பெண்ணுக்கோ மரபு ஒரு துறையை வகுத்துத் தரவில்லை.

அந்த வெற்றிடத்தை நவீன எழுத்து நிரப்பியதா? முழுமையாக இல்லை என்றே சொல்லவேண்டும். பணிப்பெண்ணைப் பற்றி நாம் வாசித்த சிறுகதைகளிற் பெரும்பாலானவை இரண்டு முடிவுகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்கின்றன. ஒன்றில் அவள் சிதைக்கப்பட்டுத் திரும்புகிறாள். மற்றதில் அவள் அனுப்பிய பணத்தைக் கணவன் அழித்துவிடுகிறான். இரண்டும் நடப்பனவே. ஆயின் கதையின் சாரம் ‘பெண்ணை அனுப்பாதீர்’ என்ற அறிவுரையாகச் சுருங்கும்போது அவள் தொழிலாளி என்ற உண்மை மறைந்துவிடுகிறது. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக், பதினேழு வயதில் வயது கூட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்குச் சென்று, 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனைக்குள்ளானபோது எழுதப்பட்ட கவிதைகளும் வாளையும் சட்டத்தையுமே பேசின. அவளை அனுப்பிய வறுமை, வயதைத் திரித்த தரகு, கூலி ஆகியன ஓரிரண்டு வரிகளில் வந்துபோயின. இக்குறை முற்போக்காளராகிய நமக்கும் உரியது. ஆலைத் தொழிலாளியையும் தோட்டத் தொழிலாளியையும் அடையாளங்கண்ட நமது கோட்பாடு, பிறர் வீட்டு அடுக்களையில் நிற்கும் தொழிலாளியைக் காணத் தாமதித்தது.

மீட்சி என்பது ஏக்கத்தைக் கடந்து உரிமையாகவும் பேசப்படலாம் என்று இக்கரைக்கு உணர்த்திய நூல் ஒன்றுண்டு. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்து 1981இல் வெளிவந்த ‘பாலஸ்தீனக் கவிதைகள்’ அது. மஹ்மூத் தர்வீஷ் முதலியோரிடத்து ஊர் நினைவு ஆவணமாக, வழக்காக, குற்றச்சாட்டாக மாறுகிறது. 1990இன் படுகொலைகளுக்கும் வெளியேற்றங்களுக்கும் பின்னர் தமிழில் எழுதிய முஸ்லிம் கவிஞர்க்கு அத்தொனி கைகொடுத்தது. ஆணிவேர் அறுந்த ‘நான்’ எனத் தன் 1993ஆம் ஆண்டுத் தொகுதிக்குச் சோலைக்கிளி பெயரிட்டதை நாம் இங்கு நினைவுகூரலாம். பொத்துவிலுக்கு அருகே 2006 செப்டெம்பரிற் குளத்து வேலைக்குச் சென்ற 10 முஸ்லிம் தொழிலாளர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, வாடிக்குச் சென்றவன் திரும்புவான் என்ற பழைய கவியின் அடிப்படை நம்பிக்கையும் அறுந்தது. எனினும் இவ்வரிசைக் கவிதைகளிற் பேசுபவன் பெரும்பாலும் ஆண். இழக்கப்படுவது ஊர் அல்லது இனத்தின் நிலம். வீடு எவர் பெயரில் இருந்தது என்பது அங்கும் கேட்கப்படவில்லை.

அதைக் கேட்கவேண்டிய தேவையை 2004 டிசம்பர் 26 உண்டாக்கியது. ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அழித்தபின், வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர்வரை கட்டத் தடை அறிவிக்கப்பட்டது. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது குடும்பத் தலைவர் என ஆணின் பெயர் பதியப்பட்ட இடங்கள் பல என்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். தலைமுறைகளாகப் பெண்ணுக்கிருந்த உடைமை ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்திற் கைமாறியது. சவூதி நிதியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையிற் கட்டப்பட்ட 500 வீடுகளோ, பகிர்வு பற்றிய வழக்கினாற் பல்லாண்டு ஆளின்றிக் கிடந்தன. சவூதி வீடுகளைத் துடைத்துத் தமக்கு வீடு கட்டிய பெண்களின் ஊரில் இது நடந்தது. இதை எழுதிய நாவல் எதையும் நாம் காணவில்லை.

இனி ஒரு செய்தி. 1980களிலும் 1990களிலும் வளைகுடாவுக்குச் சென்றோர் கடிதத்துக்குப் பதிலாகக் குரலை ஒலிநாடாவிற் பதிந்து அனுப்பினர். எழுத்தறிவு குறைந்த உம்மாமார்க்கு அதுவே கடிதம். பிள்ளையின் பெயர் சொல்லி அழைத்தல், சீமெந்து எத்தனை மூடை வந்தது என்ற விசாரணை, இடையிடையே பாட்டு, சிலபோது கவி என்று அந்நாடாக்கள் அமைந்திருந்ததாகக் கேட்டோர் கூறுவர். பெண் சென்ற பாலைக்கு எவரேனும் துறை வகுத்திருந்தால் அங்கேதான் வகுத்திருப்பர். அதே ஆண்டுகளில் நம்மவர் முதியோரிடம் அமர்ந்து பரண் கவிகளை எழுதிக்கொண்டிருந்தனர்; அதே வீட்டு அலுமாரியில் இருந்த ரியாத் நாடாவை எவரும் கேட்கவில்லை. நாம் விசாரித்த வீடுகளில் அவை இப்போது இல்லை. சில மழையிற் கெட்டன, சில கடலோடு போயின. மற்றவற்றின்மேல் பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டனர்.