தேயாத தடங்கள்

சவுண்ட் சர்வீஸ்காரர் கழித்துவிட்ட எல்.பி. ரெக்கார்டு கையில் கிடைத்தால் முதலில் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பாக மினுங்கும் தட்டில் ஒன்றிரண்டு வளையம் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். அதுதான் ஹிட் பாட்டு. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கொடை என்று ஊரே கேட்டுக் கேட்டு, கனத்த முள் உழுது வைத்த இடம். லேபிளில் அந்தப் பாட்டுக்கு நேரே பால்பாயின்ட் பேனாவில் ஒரு டிக்கும் இருக்கும்.

மும்பை டிராம்பேயில் எங்கள் சீட்டா கேம்ப் அப்படிப்பட்ட தட்டுகள் உருண்ட இடம். 1976இல் அணு ஆராய்ச்சி மையத்துக்கு நிலம் வேண்டும் என்று ஜனதா காலனியை இடித்து, ஏறத்தாழ 70,000 பேரை இந்தச் சேற்று நிலத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தமிழர்கள் நிறையப் பேர். கூரை போட்ட கையோடு கூம்பு ஸ்பீக்கரும் கட்டியாயிற்று. கேசட் வந்ததும் தட்டுகள் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரரிடம் போயின. மிச்சம் சோர் பஜாருக்கு. மற்ற சேகரிப்பாளர்கள் சாம்பல் வளையத்தைக் காட்டி விலையைக் குறைப்பார்கள். நானும் குறைப்பேன், ஆனால் நான் வாங்குவது பக்கத்தில் இருக்கும் கறுப்பு வளையத்துக்காக. டிஜே வேலைக்கு உதவுவது அதுதான். யாரும் கேட்காத பாட்டு, யாரும் நின்று கவனிக்காத பத்து விநாடி.

நம் சினிமாப் பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். சரணத்தின் மெட்டு இரண்டாம் முறையும் வந்துவிடும். இடையிசை அப்படி இல்லை. முதல் சரணத்துக்கு முன்னால் வந்தது இரண்டாவதற்கு முன்னால் பெரும்பாலும் வராது. இந்த இடத்தில் இளையராஜா ஒரு ஊதாரி. இன்னொருவர் ஆல்பம் முழுக்க ஓட்டிப் பிழைக்கக்கூடிய பேஸ் வரியை எட்டே பாரில் வாசிக்க வைத்துவிட்டு, வயலின்களைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். கேட்கிறவன் ‘இன்னொரு தரம்’ என்று சொல்வதற்குள் பாடகர் வந்து நிற்பார். சாம்பிள் எடுப்பதற்கு என்னிடம் உள்ள ஒரே நியாயம் இது: பாட்டு அவசரமாகக் கடந்துபோன இடத்தில் கொஞ்சம் நின்று கேட்பது.

இந்த அளவுகோலில் பிரிட்னி ஸ்பியர்ஸின் ‘டாக்ஸிக்’ (2003) எனக்கு முதல் வரிசை. கே.பாலசந்தரின் ‘ஏக் தூஜே கே லியே’ (1981) படத்தில் எஸ்.பி.பி.யும் லதாவும் பாடிய ‘தேரே மேரே பீச் மே’ பாட்டிலிருந்து வந்தது அதன் கீச்சென்ற வயலின் வெட்டு. லக்ஷ்மிகாந்த்-பியாரேலாலின் அந்தப் பாட்டை நம் ஊரில் மனப்பாடமாகப் பாடுவோர் ஏராளம். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வயலின் நினைவிருக்கும்? ஸ்வீடனில் உட்கார்ந்திருந்த இரண்டு தயாரிப்பாளர்களுக்கு அது காதில் விழுந்தது. குரலைத் தொடவே இல்லை.

எதிர்முனையில் ‘அடிக்டிவ்’ (2002). ‘ஜோதி’ (1981) படத்தில் லதா பாடிய பாட்டை நீளநீளமாக ஓடவிட்டு அடியில் டிரம்ஸ் வைத்தது. கேட்க ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ருசி லதாவுடையது. இசையமைத்த பப்பி லஹிரியின் பெயரைப் போடாமல் விற்கக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லும்படி ஆயிற்று. பிளாக் ஐட் பீஸ் 2003இல் எடுத்தது இன்னும் வேடிக்கை. ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) ரஜினியின் நூறாவது படம், மகானின் கதை. அதில் இளையராஜா போட்ட ‘உனக்கும் எனக்கும்’ பாட்டுக்குள் இருந்த ஃபங்க்கைக் கண்டுபிடித்துத் தங்கள் ஆல்பத்தின் பெயரையே அந்தத் துண்டுக்கு வைத்தார்கள். பக்திப் படத்துத் தட்டை நான் ஒதுக்குவதில்லை என்பதற்கு இது போதும்.

எம்.ஐ.ஏ. என்கிற மாயாவின் ‘காலா’ ஆல்பம் (2007) தனிக் கணக்கு. முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’யின் (1991) ‘காட்டுக்குயிலு’ இருக்கிறது. கூடவே அமெரிக்க ராக் பாட்டான ‘ரோட்ரன்னர்’ வரிகளையும் இழுத்துவந்து கோத்திருக்கிறார். அதே ஆல்பத்தின் ‘பேர்ட் ஃப்ளூ’வுக்கோ தட்டு மட்டும் போதவில்லை, தமிழ்நாட்டு உறுமிக்காரர்களையும் வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். எதைத் தட்டிலிருந்து எடுப்பது, எதை நேரில் வாசிக்க வைப்பது என்கிற தேர்விலேயே அவருடைய காது தெரிகிறது. இரண்டு பாட்டையும் ஒட்டிப் போட்டு ஆடவிட்டால் எங்கள் பேட்டையில் யாரும் உட்காரமாட்டார்கள்.

வெட்டும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987இல் வந்த எஸ்.பி.-1200 சாம்ப்ளரில் மொத்தமே 10 விநாடிதான் பதியும். அதனால் 33 வேகத் தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, உள்ளே பிட்ச்சை இறக்கிப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். இடம் மிச்சம், கூடவே ஓசையில் ஒரு கரகரப்பு ஏறும். சிக்கனத்தில் பிறந்த அந்தக் கரகரப்பைத்தான் இன்றைக்குக் கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் தட்டுகளில் வேறொரு சங்கடம். எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கண்டக்டரின் கையைப் பார்த்து வாசித்த பாட்டுகள் அவை. நாலாவது பார் முதல் பாரைவிட ஒரு மயிரிழை முந்தியிருக்கும். அதை லூப் ஆக்கினால் ஒட்டும் இடத்தில் ஒரு சின்ன இடறல். மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லா அடியும் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும், பாட்டும் செத்துவிடும். நான் கிக் டிரம்மைத்தான் நகர்த்துவேன், தபலாவை அல்ல.

ரீமிக்ஸை இதோடு சேர்க்காதீர்கள். ‘குறும்பு’ (2003) படத்தில் யுவன் ‘ஆசை நூறு வகை’யைத் திரும்பப் போட்டதிலிருந்து கிளம்பிய அந்த அலை, சாம்பல் வளையத்தையே மறுபடி உழுதது. ஜனங்களுக்கு ஏற்கெனவே பிடித்ததை இன்னும் சத்தமாகக் கொடுப்பதற்கு ரசனை தேவையில்லை. உரிமை வாங்கினால் போதும்.

உரிமை என்றதும் சண்டை வரும். ‘கூலி’ முன்னோட்டத்தில் ‘தங்க மகன்’ (1983) இசை வந்ததற்கு 2024இல் இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது டிஜே நண்பர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. கேட்டுவிட்டு எடு, எடுத்ததற்குக் காசு கொடு. ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. நான் வருஷக்கணக்கில் லூப் செய்யும் இளையராஜா பாட்டுகளின் பேஸ் வரிகளை வாசித்த விரல்கள் சசிதரனுடையவை, டிரம்ஸ் புருஷோத்தமன். என்னிடமுள்ள தட்டுறைகளில் இந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1969இல் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஆறேழு விநாடி டிரம்ஸ், ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு முதுகெலும்பு ஆனது. அவருக்கு அதிலிருந்து ஒரு பைசா வரவில்லை. 2006இல் வீடில்லாமல் இறந்துபோனார். அதனால் என் மிக்ஸ்களில் தெரிந்தவரை வாத்தியக்காரர் பெயரையும் போடுகிறேன். சட்டப்படி அதற்கு மதிப்பு ஏதுமில்லை.

இப்போது குரலையும் வாத்தியத்தையும் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் போனிலேயே வந்துவிட்டது. குரல் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வெட்ட முடியும் என்ற பழைய கட்டாயம் போயிற்று. தாராவி ராப் பையன்கள் ‘காலா’ (2018) படம் வரை போய்ப் பாடிவிட்டதால், இங்கேயும் பீட் செய்ய வேண்டும் என்று லேப்டாப்போடு பசங்கள் வருகிறார்கள். எதையும் எடுக்கலாம் என்று ஆனபிறகும் முக்கால்வாசிப் பேர் பல்லவியைத்தான் பிரித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். “பல்லவி வேண்டாம்டா, ரெண்டாவது இடையிசையிலேர்ந்து ஆரம்பி” என்பேன். “அது யாருக்குண்ணே தெரியும்?” என்று கேட்பான். அதற்காகத்தான் எடுக்கச் சொல்கிறேன்.