பிழையும் பொருளும்: தமிழ்க் கட்டுரைத் திருத்தம் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

எழுத்துப்பிழையும் இலக்கணப்பிழையும் எழுத்துவழிக் கருத்துப் பரிமாற்றத்தை உண்மையிலேயே தடுக்கின்றனவா என்னும் வினாவுக்கு நம்மிடையே இரு விடைகள் வழங்கி வருகின்றன. பொருள் விளங்கினால் போதும், ஒற்று மிகுந்தால் என்ன, மிகாவிட்டால் என்ன என்பது ஒன்று. ஒரு புள்ளி தவறினாலும் மொழி சிதையும் என்பது மற்றொன்று. முன்னதை மாணவரிடமும் பின்னதைத் தமிழாசிரியரிடமும் மிகுதியாகக் காண்கிறோம். இவ்விரு சாராரும் பிழைகள் அனைத்தையும் ஒரே தன்மையுடையனவாகக் கொள்கின்றனர் என்பதே நாம் சுட்ட விரும்பும் குறை. பொருளைத் தாக்கும் பிழை எது, தாக்காத பிழை எது என்று பிரித்தறியாத திருத்தம் மாணவருக்குப் பயன் தராது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

மரபு செய்த பாகுபாடு

பிழைகளைத் தரம் பிரித்தல் தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூலைப் பயின்றோர் வழு, வழாநிலை, வழுவமைதி ஆகிய மூன்றையும் அறிவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும். உவப்பின் மிகுதியால் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணைவழுவாயினும் வழுவமைதியாக ஏற்கப்படுகிறது. பேசுவோரின் கருத்து அதனால் மறைவதில்லை, மேலும் துலங்குகிறது.

வழுவற்ற தொடரும் மயங்கக்கூடும் என்பதையும் இலக்கணிகள் கண்டுள்ளனர். தொல்காப்பியச் சொல்லதிகார உரைகளில் வரும் ‘புலிகொல் யானை’ என்னும் தொடர், புலியைக் கொன்ற யானையையும் குறிக்கும். புலியால் கொல்லப்பட்ட யானையையும் குறிக்கும். ‘சிறந்த பள்ளி மாணவர்களுக்குப் பரிசு’ என இன்று எழுதப்படும் அறிவிப்பும் இத்தகையதே. சிறந்தது பள்ளியா, சிறந்தவர்கள் மாணவர்களா என்பது அதில் விளங்கவில்லை. ஆகவே, பிழையின்மை வேறு, தெளிவு வேறு என்பதை முதற்கண் ஏற்க வேண்டும்.

வழக்கமான எடுத்துக்காட்டுகளின் குறை

வல்லெழுத்து மிகுதலின் இன்றியமையாமையை விளக்க ‘வேலை கொடு – வேலைக் கொடு’, ‘மருந்து கடை – மருந்துக்கடை’ முதலிய இணைகளை நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறோம். தனித்து நோக்கும்போது இவை கவர்ச்சியாகவே உள்ளன. ஆயினும், வேலையற்ற ஒருவர் தம் விண்ணப்பத்தில் ‘எனக்கு வேலைக் கொடுங்கள்’ என்று எழுதினால் அவர் படைக்கலம் கேட்கிறார் என எவரும் கொள்ளார். பெயர்ப்பலகையில் ‘மருந்து கடை’ என்று கண்டவர் மத்தைத் தேடிச் செல்வதும் இல்லை. மாணவர் இதனை நன்கு அறிவர். ஆசிரியர் அஞ்சும் இடர் நிகழவில்லை என்று கண்டபின் விதியின் மீதே அவர்கள் நம்பிக்கை இழக்கின்றனர். மெலிந்த சான்றுகள் வலிய கொள்கைக்கும் ஊறு விளைக்கின்றன.

சூழலால் தீராத மயக்கம்

சூழல் துணைசெய்யாத இடங்கள் வேறு உள. ‘கணக்காய்வுக்கு முன்னரே நிறுவனம் ஆவணங்கள் அனைத்தையும் அளித்தது’ என்னும் தொடரில் ளகரம் ழகரமாயின் கொடுத்தவர் குற்றவாளியாகிவிடுகிறார். இரண்டும் நிகழக்கூடியவை ஆதலால் படிப்பவர் ஐயுறுவதற்குக்கூட இடமில்லை. ‘நிகழ்ச்சி இரவு 8 மணிக்கு ஒலிபரப்பாகும்’ என்றால் வானொலியை நாட வேண்டும். ‘ஒளிபரப்பாகும்’ என்றால் தொலைக்காட்சியை நாட வேண்டும். ‘அவர் தான் வந்ததாகக் கூறினார்’ என்பது தம் வருகையை அவர் கூறியதைக் குறிக்கிறது. ‘அவர்தான் வந்ததாகக் கூறினார்’ எனச் சேர்த்தெழுதினால், கூறியவர் பிறரல்லர், அவரே என்று பொருள் மாறுகிறது. வந்தவர் யார் என்பதும் திறந்த வினாவாகிறது.

இவ்வேறுபாடுகளுள் பல செவிவழி வருவன அல்ல. ழகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்தி ஒலியாதோர் பலர். வீட்டில் ‘குடுத்தாங்க’ என்று கேட்டு வளரும் குழந்தைக்கு ‘அளித்தல்’ ஏட்டுச்சொல்லாகவே அறிமுகமாகிறது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டில் நிகழ்ந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. அதனை நாம் வரவேற்கிறோம். எனினும், எழுத்தில் மட்டுமே வாழும் வேறுபாடுகளைத் தனியே கற்பிக்கும் கடமை அதனால் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

சுமை யாருடையது?

மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் தொல்காப்பியம் புள்ளி விதித்திருந்தும், ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. ரகரமும் கால் எனப்படும் துணையெழுத்தும் ஒத்த வடிவிலேயே எழுதப்பட்டன. ஆயினும் கற்றோர் படித்துப் பொருள் கொண்டனர். ‘விளங்கினால் போதும்’ என்போருக்கு இது நல்ல சான்றாகத் தோன்றலாம். ஆனால் அக்கற்றோருக்கு யாப்பும் ஆசிரியர்வழிப் பாடமும் துணைநின்றன என்பதை மறத்தல் ஆகாது. அத்துணை அற்ற இடங்களில் பாடவேறுபாடுகள் பெருகின. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பெரிதும் உழைக்க நேர்ந்தது. எழுதுபவர் இடாத குறியின் சுமையைப் படிப்பவர் ஏற்க வேண்டியுள்ளது. அச்சிலும் திரையிலும் முன்பின் அறியாத வாசகருக்காக எழுதும் இக்காலத்தில் அச்சுமையை அவர்மீது ஏற்றுவது முறையன்று.

திருத்தத்துக்கு ஓர் ஒழுங்கு

மேற்கூறியவற்றின் அடிப்படையில் பிழைகளை மூவகையாகப் பகுக்கலாம். பொருளை மாற்றுவன முதல்வகை. மேற்கண்ட ‘அழித்தது’ இதன்பாற்படும். பொருளை மாற்றாமல் படிப்பவரை நிறுத்தி மீளப் படிக்கச் செய்வன இரண்டாம் வகை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபின்மை, சொற்களை முறையின்றிப் பிரித்தல் ஆகியன இதில் அடங்கும். வழக்கொழுங்கை மட்டும் மீறுவன மூன்றாம் வகை. உயிர்முன் ‘ஓர்’ வரவேண்டிய இடத்தில் ‘ஒரு’ வருதல் இத்தகையது.

மூன்றாம் வகையைப் புறக்கணிக்க வேண்டும் என்பது நம் கருத்தல்ல. அலுவல் மடலிலோ ஆய்வேட்டிலோ இத்தகைய பிழைகள் மலிந்தால் எழுதியவரின் கவனத்தையே வாசகர் ஐயுறுவர். ஆனால் அது நம்பகம் பற்றிய சிக்கல், தெளிவு பற்றியதன்று. இவ்வகையில் மிகுந்த கண்டிப்பு சிலபோது தெளிவுக்கே தடையாவதும் உண்டு. ‘அது பள்ளி விடுமுறை அல்ல’ என்று மாணவர் எழுதியதில் ‘அல்ல’ பன்மைக்குரியது என அடித்து ‘அன்று’ எனத் திருத்தினால், இலக்கணம் நிறைவுறும். ஆனால் ‘விடுமுறை நாளில்’ என்றும் பொருள்படும் புதிய மயக்கம் தோன்றும்.

முடிவுரை

மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி விருப்பப் பாடமாகவே உள்ளது. எழுதத் துணிந்த மாணவருக்குச் சிவப்பு மை நிறைந்த தாளைத் திருப்பித் தந்தால், எதை முதலில் சீர்செய்வது என்பதை அவர் அறிய இயலாது. பாடத்தையே கைவிடவும் கூடும். யாவற்றையும் பொறுத்துக்கொண்டால், தம் தொடர் தாம் கருதாத பொருளைத் தருவதை அவர் என்றும் அறியமாட்டார். எனவே, முதல்வகைப் பிழைகளை ஒவ்வொரு முறையும் தவறாது திருத்துதலும், இரண்டாம் வகையை உரக்கப் படிக்கச் செய்து மாணவரையே கண்டறியச் செய்தலும், மூன்றாம் வகையைத் தவணைக்கு ஓரிரு விதிகளாக எடுத்துக்கொண்டு பயிற்றுதலும் தக்கன எனப் பரிந்துரைக்கிறோம். ஆசிரியப் பயிற்சியில் இப்பாகுபாடு இடம்பெறுமாயின், விடைத்தாள் திருத்துவோரிடையே நிலவும் வேறுபாடுகளும் குறையும் என எதிர்பார்க்கலாம்.